செவ்வாய்க்கிழமைதோறும் வீங்கும் இமைகள்

கேள்வி: எனக்கு வயது 34. திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக வேலை பார்க்கிறேன். சனிக்கிழமை இரவுகளில் பட்டு நூல் வளையலும், ரெசின் என்ற இறுகும் பிசினை அச்சில் ஊற்றிக் கீ செயினும் செய்து தெரிந்தவர்களுக்கு விற்கிறேன். ஞாயிறு காலையில் அவற்றை அச்சிலிருந்து எடுத்து, ஓரங்களை உப்புத்தாளாலும் நகம் தேய்க்கும் அரத்தாலும் தேய்த்து முடித்துவிட்டு, மாதத்தில் இரண்டு முறையாவது குழந்தைகளுடன் ஊட்டி, கொடிவேரி என்று எங்காவது கிளம்பிவிடுவோம். நான்கு மாதங்களாக, திங்கள் இரவு இமைகளில் அரிப்புத் தொடங்கி, செவ்வாய் காலையில் கண்ணைத் திறக்க முடியாத அளவுக்கு வீங்குகிறது. வெள்ளிக்குள் தோல் உரிந்து அடங்கிவிடுகிறது. விரல் நுனிகளிலும் வெடிப்பு இருக்கிறது. ஊட்டிக் குளிரும் புதிய சன்ஸ்கிரீனும்தான் காரணமோ என்று எண்ணி சன்ஸ்கிரீனை நிறுத்தினேன், பிறகு கண் மையையும் நிறுத்தினேன், பயனில்லை. நெயில் பாலிஷ், ஸ்டிக்கர் பொட்டு, மாதம் ஒருமுறை தலைச்சாயம் ஆகியவை வழக்கம்போல் உண்டு. மாமியார் உடல் சூடு என்கிறார். மெடிக்கலில் கொடுத்த கிரீமைத் தடவினால் இரண்டு நாளில் குறைகிறது, அடுத்த வாரம் திரும்ப வருகிறது. எனக்கென்று கிடைப்பது வாரத்தில் இந்த ஒன்றரை நாள்தான். கைவேலை, அலங்காரம், வெளியூர்ப் பயணம் எல்லாவற்றையும் விட்டுவிட வேண்டுமா?

பதில்: அன்புள்ள சகோதரி, எல்லாவற்றையும் விட வேண்டியதில்லை. எதை விட வேண்டும் என்பதை உங்கள் கடிதமே பாதி சொல்லிவிட்டது. நேரில் பார்க்காமல் நோயை உறுதி செய்ய முடியாது என்றாலும், நீங்கள் கிழமை வாரியாகக் குறித்து எழுதியிருப்பதால், இது தொடு ஒவ்வாமைத் தோல் அழற்சியாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று என்னால் சொல்ல முடிகிறது.

இந்த ஒவ்வாமையின் இயல்பு விளங்கினால் மற்றவை தாமாக விளங்கும். இறால் சாப்பிட்ட அரை மணி நேரத்தில் உடம்பெங்கும் தடித்துவிடுகிறதே, அது ஒரு வகை. தொடு ஒவ்வாமை அப்படி உடனே வருவதில்லை. தோலுக்குள் நுழைந்த வேதிப்பொருளை எதிர்ப்பு அணுக்கள் அடையாளம் கண்டு, திரண்டு வந்து சேர ஒன்று முதல் மூன்று நாள் வரை ஆகும். ஆகவே வீக்கம் தெரிந்த நாளில் எதைத் தடவினோம் என்று யோசிப்பவர்கள் பெரும்பாலும் குற்றமற்ற பொருளையே தண்டிக்கிறார்கள். உங்கள் சன்ஸ்கிரீனுக்கும் கண் மைக்கும் நேர்ந்தது அதுதான் என்று நினைக்கிறேன். செவ்வாய் காலையிலிருந்து இரண்டு நாள் பின்னோக்கி எண்ணிப் பாருங்கள். ஞாயிறு காலை வருகிறது. அந்த நேரத்தில் நீங்கள் ஊட்டியில் இல்லை. வீட்டில் மேசை முன் அமர்ந்து ரெசின் ஓரங்களைத் தேய்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

முதலில் மற்றவற்றின் மீதான சந்தேகத்தைத் தீர்த்துவிடுவோம். நீங்கள் பணிபுரியும் இடத்தில் துணிச் சாயமும், சுருக்கம் விழாமலிருக்கச் சேர்க்கும் ஃபார்மால்டிஹைடு சார்ந்த பதப்படுத்தும் பொருள்களும் இருக்கலாம். பனியன் கம்பெனிகளில் வேலை செய்வோருக்கு அவற்றால் தோல் அழற்சி வருவதை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் வேலையிடத்தால் வரும் தொல்லை வாரம் ஏற ஏற முற்றி, விடுமுறையில் தணியும். உங்களுக்கு வெள்ளிக்கிழமை முகம் தெளிந்திருக்கிறது. தலைச்சாயத்தில் உள்ள பாராஃபெனிலீன் டையமின் என்ற பொருளுக்கு இமை பயங்கரமாக வீங்கும் என்பது உண்மைதான். அப்படியானால் மயிர்க்கோட்டிலும் காதோரத்திலும் கூட நீர் கோத்த தடிப்பு இருந்திருக்கும், அதுவும் மாதம் ஒருமுறைதான் வந்திருக்கும். வெயிற்புண் அன்றைய தினமே சில மணி நேரத்தில் எரியத் தொடங்கி, மறுநாளுக்குள் உச்சத்தை அடைந்துவிடும். செவ்வாய் வரை காத்திருக்காது. சன்ஸ்கிரீன் ஒவ்வாமையென்றால் நெற்றி, கன்னம், கழுத்து என்று தடவிய இடமெல்லாம் சிவந்திருக்க வேண்டும். உடல் சூடு என்பதற்கு மருத்துவத்தில் நேரான பெயர் இல்லை; உங்கள் மாமியார் அக்கறையில் சொல்லியிருக்கிறார், நுங்கும் மோரும் தாராளமாகச் சாப்பிடலாம், இமை வீக்கம் மட்டும் அதனால் குறையாது.

இப்போது அந்த மேசைக்கு வருவோம். கைவேலைக்கு விற்கப்படும் ரெசின்களில் பெரும்பாலானவை எபாக்ஸி வகை. ரெசின் ஒரு புட்டியிலும் அதை இறுகச் செய்யும் ஹார்டனர் இன்னொரு புட்டியிலும் வரும். இரண்டும் முழுமையாக ஒன்று கலந்து இறுகிவிட்டால் அது ஏறக்குறைய கண்ணாடியைப் போல, தோலுக்கு ஒன்றும் செய்யாத பொருள். இறுகாத நிலையில் இருக்கும் எபாக்ஸியும், ஹார்டனரில் உள்ள அமீன்கள் என்ற வேதிப்பொருள்களும்தான் தொடு ஒவ்வாமையை உண்டாக்குவதில் பேர்போனவை. தொட்டுப் பார்த்தால் கல் போல இருக்கும் ரெசின் உள்ளுக்குள் முழுவதும் இறுக மூன்று நாள் வரையிலும், சில வகைகளில் அதற்கு மேலும் ஆகும். நீங்கள் சனி இரவு ஊற்றி ஞாயிறு காலையிலேயே எடுத்துவிடுகிறீர்கள். பன்னிரண்டு மணி நேரம் கூட ஆகியிருக்காது. அந்த அரைகுறைப் பதத்தில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் பறக்கும் வெண்மையான தூளில் இறுகாத எபாக்ஸி இருக்கும். அந்தத் தூள் மின்விசிறிக் காற்றில் எழுந்து முகத்தில் படிகிறது. ரெசினை எடுத்த விரல் தன்னையறியாமல் கண்ணைக் கசக்குகிறது. போதாக்குறைக்கு, அதே அரத்தால் நகத்தையும் தேய்த்துக்கொள்வீர்கள் என்று நான் ஊகிக்கிறேன், தவறென்றால் மன்னியுங்கள்.

விரல் தொட்ட பொருளுக்கு இமை ஏன் வீங்குகிறது என்று பலரும் கேட்பார்கள். உடலிலேயே மெல்லிய தோல் இமையில்தான் இருக்கிறது; சுமார் அரை மில்லிமீட்டர். உள்ளங்கைத் தோல் தடித்தது, எதையும் எளிதில் உள்ளே விடாது. சில ஆண்டுகளுக்கு முன் கோபிசெட்டிப்பாளையம் பக்கத்திலிருந்து ஓர் ஆசிரியை ஓராண்டாக இமை வீக்கத்துடன் வந்தார். மூன்று கண் மை மாற்றியிருந்தார், கண்ணாடிச் சட்டத்தைக் கூட மாற்றியிருந்தார். பேசிக்கொண்டிருக்கும்போதே வலக்கைச் சுட்டுவிரல் நகத்தால் இமையோரத்தை மெல்ல வருடிக்கொண்டேயிருந்தார். நகத்தில் புதிதாகப் பூசிய சிவப்புச் சாயம். சோதனையில் நெயில் பாலிஷில் உள்ள ஒரு பிசினே காரணம் என்று தெரிந்தது. நகத்தில் பூசியது நகத்தைச் சுற்றி ஒரு சிறு தடிப்பைக் கூட உண்டாக்கவில்லை. ஆகவே உங்கள் விஷயத்தில் ரெசினை முதல் சந்தேகமாகவும் நெயில் பாலிஷை இரண்டாவதாகவும் வைக்கிறேன். ஆனால் உங்கள் விரல் நுனிகளிலும் வெடிப்பு இருப்பது ரெசினின் பக்கமே தராசைச் சாய்க்கிறது.

இத்தனை நாள் ஒன்றும் செய்யாத பொருள் திடீரென்று ஏன் ஒத்துக்கொள்ளாமல் போகிறது என்றால், ஒவ்வாமை பிறவியிலேயே வருவதில்லை. பெரும்பாலும் பல மாதம், சில சமயம் பல ஆண்டுப் பழக்கத்திற்குப் பிறகு தோல் ஒரு பொருளைப் பகையாக முடிவு செய்கிறது. முடிவு செய்துவிட்டால் அதை மறப்பதும் அரிது.

செய்ய வேண்டியது இது. மூன்று வாரங்களுக்கு ரெசின், உடனே ஒட்டும் பசை, நெயில் பாலிஷ் ஆகிய மூன்றையும் முழுவதுமாக நிறுத்துங்கள். ரெசின் ஊற்றிய மேசையையும், உப்புத்தாள் தூள் படிந்த விரிப்பையும் ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியையும் நகம் தேய்க்கும் அரத்தையும் குப்பையில் போட்டுவிடுங்கள். பட்டு நூல் வளையலைத் தொடரலாம். தண்ணீரில் கரையும் வெள்ளைத் துணிப் பசை பெரும்பாலானோருக்குத் தொல்லை தருவதில்லை. காதணிகளும் செய்வதுண்டென்றால், அவற்றின் கொக்கிகளைக் கையாளும்போது விரல் அரித்தால் மட்டும் நிக்கல் என்ற உலோகத்தை நினைவில் வையுங்கள். நம் ஊர் வியர்வையில் மலிவு உலோகக் கொக்கியிலிருந்து நிக்கல் எளிதில் கசியும்.

ஊருக்குப் போவதை நிறுத்தாதீர்கள். உங்கள் பயணமே இங்கே ஒரு சோதனையாகப் பயன்படும். ரெசின் தொடாத வாரத்தில் ஞாயிறன்று வழக்கம்போல ஊட்டிக்குப் போய் வாருங்கள். செவ்வாய் காலை இமை தெளிவாக இருந்தால் ஊட்டி நிரபராதி. போகும்போது சன்ஸ்கிரீன் கட்டாயம் வேண்டும். ஊட்டி 2240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் புற ஊதாக் கதிர் ஏறக்குறைய பத்து சதவீதம் கூடுவதால், திருப்பூரை விட அங்கே வெயில் குளிர்ந்திருந்தாலும் தோலுக்குக் கடுமையானது, மேகமூட்டத்தை நம்பக்கூடாது. துத்தநாக ஆக்சைடு அடங்கிய, வாசனை சேர்க்காத, எஸ்பிஎஃப் எனப்படும் வெயில் காப்பு எண் 30 அல்லது அதற்கு மேற்பட்ட ஒன்றை வாங்குங்கள். சுட்டுவிரல், நடுவிரல் இரண்டின் நீளத்திற்குப் பிதுக்கினால் முகத்துக்கும் கழுத்துக்கும் சரியாக இருக்கும். பட்டாணி அளவு தடவினால் குழாயில் எழுதியுள்ள எண்ணுக்கு அர்த்தமில்லை. இரண்டு மணி நேரத்திற்கொருமுறையும், கொடிவேரியில் குளித்து எழுந்த பின்னும் மீண்டும் தடவ வேண்டும்.

சன்ஸ்கிரீன், முகக் கிரீம் போன்று தடவி அப்படியே விடும் பொருள்களை, இமை முழுவதும் ஆறிய பிறகு, ஒவ்வொன்றாக நீங்களே சோதித்துக்கொள்ளலாம். முழங்கை மடிப்பின் உட்புறத்தில் ஒரு ரூபாய் நாணய அளவு இடத்தில் தினம் இருவேளை, ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை தடவிவாருங்கள். அரிப்போ சிவப்போ வந்தால் அந்தப் பொருள் உங்களுக்கு ஆகாது. தலைச்சாயத்தையும் ரெசினையும் இப்படிச் சோதிக்கவே கூடாது. இறுகாத ரெசினைத் தோலில் வைப்பதே புதிதாக ஒவ்வாமையை வரவழைக்கப் போதுமானது.

உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகக் கவலை தருவது மெடிக்கல் கிரீம்தான். குழாயின் பின்புறத்தில் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்று ஏதேனும் எழுதியிருந்தால் அது ஸ்டீராய்டு. இத்தகைய பூச்சுகள் பலவற்றை 2018-ஆம் ஆண்டிலேயே மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக்கூடாத அட்டவணையில் அரசு சேர்த்தது. இருந்தும் பல் வலிக்கு மாத்திரை கேட்பது போலக் கேட்டு வாங்குகிறோம். இரண்டு நாளில் குறைகிறது என்பதாலேயே அது மருந்தாகிவிடாது. அழற்சியை அமுக்கி, காரணத்தைக் கண்ணிலிருந்து மறைக்கிறது. இமையில் மாதக்கணக்கில் தடவினால் தோல் மெலியும், சிறு இரத்த நாளங்கள் தெரியும், கண்ணுக்குள் அழுத்தம் கூடவும் புரை வளரவும் இடமுண்டு. வாரம் இரண்டு நாள்தான் தடவுகிறீர்கள் என்றால் இன்றே நிறுத்திவிடலாம். தினமும் தடவிவந்திருந்தால் திடீரென்று நிறுத்தும்போது முகம் முன்பைவிடச் சிவந்து எரியக்கூடும் என்பதால் தோல் மருத்துவரின் மேற்பார்வையில் குறையுங்கள். இமையில் தடவ டாக்ரோலிமஸ் போன்ற ஸ்டீராய்டு அல்லாத களிம்புகள் உண்டு. அவற்றையும் அவர் எழுதிக் கொடுத்தே வாங்க வேண்டும். அதுவரை குளிர்ந்த நீரில் நனைத்த பருத்தித் துணி ஒத்தடமும், வாசனையற்ற வெள்ளை வாசலினும் போதும். மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் போட வேண்டாம். கஸ்தூரி மஞ்சளுக்கே ஒவ்வாமை வந்தவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள்.

இடையில் ஒன்று: ஸ்டிக்கர் பொட்டை எடுத்துவிட்டு, நல்ல வெளிச்சத்தில் நெற்றியைக் கண்ணாடியில் பாருங்கள். பொட்டின் வட்டத்திலேயே தோல் வெளுத்திருந்தால் அதன் பசையிலுள்ள ஒரு வேதிப்பொருள் நிறமி அணுக்களைத் தாக்குகிறது என்று பொருள். உடனே நிறுத்தினால் நிறம் திரும்ப வாய்ப்புண்டு. இப்போதைய தொல்லைக்கும் அதற்கும் தொடர்பில்லை.

மூன்று வாரத்தில் இமை தெளிந்தாலும் ஒட்டுச் சோதனை செய்துகொள்வதே முறை. சந்தேகப் பொருள்களைப் பாதுகாப்பான அளவுக்கு நீர்க்கச் செய்து, சிறு வில்லைகளில் வைத்து மேல் முதுகில் ஒட்டுவார்கள். திங்களன்று ஒட்டினால் புதனன்று எடுத்துப் பார்த்து, வெள்ளியன்று மறுபடி பார்ப்பார்கள். அந்த வாரம் முழுவதும் முதுகு நனையக் கூடாது, மூன்று நாளும் சற்று நேரம் அனுமதி கேட்டு வர வேண்டியிருக்கும். ஸ்டீராய்டு மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், முடிவு பொய்த்துப்போகும். எபாக்ஸிக்கு ஒவ்வாமை என்று உறுதியானால் ரெசின் வேலையை அடியோடு விட்டுவிட வேண்டியதுதான். கையுறை போட்டுக்கொண்டு தொடர்கிறேன் என்று பலர் கேட்கிறார்கள். மெல்லிய லேட்டக்ஸ் கையுறை வழியே எபாக்ஸி சிறிது நேரத்தில் ஊடுருவிவிடும், நைட்ரைல் கையுறை அதைவிட நல்லது என்றாலும் முகத்தில் படியும் தூளுக்கு அது என்ன செய்யும்? குழந்தைகள் தூங்கும் அறையில் ரெசினை இரவெல்லாம் இறுக வைக்கும் பழக்கம் இருந்தால், ஒவ்வாமை இருந்தாலும் இல்லாவிட்டாலும், அதை இன்றோடு நிறுத்துங்கள்.

கண் வெள்ளை சிவந்தாலோ, பார்வை மங்கினாலோ, சீழ் வந்தாலோ அன்றே கண் மருத்துவரிடம் செல்ல வேண்டும். ரெசின் கலக்கும்போது இருமலோ மூச்சு இழுப்போ வந்தால் அதைத் தாமதமின்றி மருத்துவரிடம் தனியாகச் சொல்லுங்கள். சோதனைக்கு வரும்போது கிரீம் குழாய், சன்ஸ்கிரீன், நெயில் பாலிஷ், பொட்டு அட்டை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துவாருங்கள். ரெசினையும் ஹார்டனரையும் மட்டும் வீட்டிலேயே விட்டுவிட்டு, இரு புட்டிகளின் லேபிள்களையும் எழுத்துத் தெரியும்படி கைபேசியில் படம் எடுத்து வந்தால் போதும்.