கூண்டில் இருந்த கோழிக்கு மண் பழகுமா?

கேள்வி: எனக்கு வயது 60. பணி ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறேன். வீட்டுக்குப் பின்னால் ஓரளவு காலி இடமும் இரண்டு மரங்களும் உண்டு. செல்லமாக நாலு கோழி வளர்க்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை. தெரிந்தவர் ஒருவரின் முட்டைப் பண்ணையில், முட்டை குறைந்துவிட்டது என்று கழிக்கப்போகும் கோழிகளைக் கேட்டால் தருவதாகச் சொல்கிறார்கள். எல்லாம் கம்பிக் கூண்டிலேயே இருந்தவை. போய்ப் பார்த்தேன். கழுத்தில் இறகே இல்லை. பார்த்ததிலிருந்து மனசு கேட்கவில்லை. கணவரோ, "முட்டையும் போடாது, நாலு நாளில் செத்தும் போகும், அப்புறம் நீதான் உட்கார்ந்து அழுவாய்" என்கிறார். இவற்றுக்கு வெளியில் வாழத் தெரியுமா? இல்லை, குஞ்சு வாங்கி வளர்ப்பதே நல்லதா? ஆறு வயதுப் பேத்தியும் எங்களோடு இருக்கிறாள்.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரி, கூட்டி வாருங்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இனி எழுதப்போவதில் பாதி, வேலையும் கவலையும்தான். அதைப் படித்துவிட்டு நீங்கள் பின்வாங்கிவிடக் கூடாது.

உங்கள் கணவர் சொன்னதில் ஒன்று தவறு, ஒன்று ஓரளவு சரி. முட்டை போடாது என்பது தவறு. பண்ணைக் கணக்கு வேறு, வீட்டுக் கணக்கு வேறு. முட்டைக்கோழி 18 முதல் 20 வாரத்தில் முட்டையிடத் தொடங்கும். 72 அல்லது 80 வாரம் ஆனதும் பெரும்பாலான பண்ணைகளில் மொத்தமாகக் கழித்துவிடுவார்கள். அந்த வயதில் கோழி முட்டையை நிறுத்திவிடுவதில்லை. அநேகமாகத் தினமும் இட்டுக்கொண்டிருந்தது இடையிடையே நாள் விடும், ஓடு மெலியும், தின்னும் தீவனத்துக்குக் கட்டுப்படியாகாது. அவ்வளவுதான். ஒன்றரை வயதுக் கோழியைக் கிழடு என்று யாரும் சொல்ல முடியாது. நன்றாகப் பார்த்துக்கொண்டால் ஐந்து முதல் எட்டு வருடம்வரை இருக்கக்கூடிய பிராணி அது.

செத்துப்போகும் என்கிறாரே, அதில் உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். எல்லா வீட்டுக்கோழிக்கும் மூதாதையான சிவப்புக் காட்டுக்கோழி வருடத்துக்குப் பத்துப் பதினைந்து முட்டைதான் இடும். பண்ணை இனங்களை 300-க்கு மேல் இடும்படி மனிதன் மாற்றி வைத்திருக்கிறான். ஒரு முட்டை உருவாக 24 முதல் 26 மணி நேரம் ஆகிறது. அதில் ஏறக்குறைய 20 மணி நேரம் ஓட்டுக்கே போய்விடும். ஓட்டில் சுமார் 2 கிராம் கால்சியம். தீவனத்தில் கிடைப்பது போதாதபோது கோழி தன் எலும்பிலிருந்து எடுத்துக் கொடுக்கிறது. அதனால்தான் இவற்றின் எலும்பு அவ்வளவு எளிதில் முறிகிறது. நெஞ்செலும்பு எப்போதோ முறிந்து தானாகவே கூடியிருக்கிற கோழிகள் நிறைய உண்டு. முட்டைப் பையில் வரும் நோய்களும் இவற்றுக்கு அதிகம். ஆகவே சில கோழிகள் சில மாதத்திலேயே போய்விடலாம். சில மூன்று, நான்கு வருடம் ஓடியாடும். கொண்டுவரும் நாளில் எது எப்படி என்று யாராலும் சொல்ல முடியாது. அழுகை வரும் என்பதற்காக வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அந்தக் கோழிகளுக்கு அடுத்த வாரமே முடிவு. நீங்கள் அழுகையைத் தாங்குவீர்கள் என்றுதான் உங்கள் கடிதத்தைப் படிக்கும்போது எனக்குத் தோன்றுகிறது.

சரி, வாழத் தெரியுமா என்று கேட்டீர்களே, அதற்கு வருகிறேன். கூண்டில் ஒரு கோழிக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு ஏ4 தாள் அளவு இடம்கூட இல்லை. இறக்கையை முழுதாக விரிக்க வழியில்லை. காலுக்குக் கீழே சரிவான கம்பி. அந்த வெறுங்கம்பியின் மேலேயே கோழி சில சமயம் உட்கார்ந்து, உடம்பைச் சிலிர்த்து, காலால் உதைத்து, இல்லாத மண்ணை இறகுக்குள் அள்ளிப் போட்டுக்கொள்ளும். ஒருநாளும் மண்ணைப் பார்த்திராத கோழியும் இதைச் செய்கிறது. விலங்கு நடத்தையை ஆராய்கிறவர்கள் பலமுறை பதிவு செய்திருக்கும் விஷயம் இது. கோழியாக வாழ்வதை நீங்கள் அதற்குச் சொல்லித்தர வேண்டியதே இல்லை என்று நான் தைரியமாகச் சொல்வது இதை வைத்துத்தான்.

முதல் நாள் கதவைத் திறந்தால் உடனே பாய்ந்து வெளியே வராது. வாசலிலேயே நிற்கும். ஒரு காலைத் தூக்கி, விரல்களை மடக்கி, தரையில் வைக்கலாமா வேண்டாமா என்று அப்படியே பிடித்துக்கொண்டிருக்கும். நீங்கள் பிடித்து வெளியே தள்ள வேண்டாம். ஒரு பிடி தானியத்தை வாசலை ஒட்டித் தூவிவிட்டு எட்டப்போய் உட்காருங்கள். ஒன்று இறங்கினால் மற்றவை வந்துவிடும். இறங்கிய கொஞ்ச நேரத்தில் முதல் சீய்ப்பைப் பார்ப்பீர்கள்: ஒரு காலால் இரண்டு இழுப்பு, மறு காலால் ஒன்று, பின்னால் ஒரு எட்டு, தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் ஒரு பார்வை. குஞ்சிலிருந்தே மண்ணில் வளர்ந்த கோழி செய்வதற்கும் இதற்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது.

சில நாளில் மண்குளியலும் ஆரம்பமாகும். இதை இப்போதே சொல்லி வைப்பது நல்லது, ஏனென்றால் முதல்முறை பார்ப்பவர்கள் வலிப்பு வந்துவிட்டது என்று பதறிப்போகிறார்கள். கோழி ஒருக்களித்துச் சாய்ந்து, காலை நீட்டி, கழுத்தை மண்ணில் தேய்த்து, கண் பாதி மூடியபடி கிடக்கும். பிறகு எழுந்து ஒரே உதறு. மழை படாத ஒரு மூலையில் உலர்ந்த மண்ணும் மணலும் கலந்து ஒரு பள்ளம் தயாராக வைத்திருங்கள். பேன், செள் தொல்லை குறைவதற்கும் அது உதவும்.

இவற்றுக்கு நிஜமாகவே தெரியாத சில விஷயங்கள் உண்டு. நம் வேலை அங்கேதான். கூண்டில் குழாய் முனையைக் கொத்தித் தண்ணீர் குடித்துப் பழகியிருக்கும். திறந்த பாத்திரத்தில் இருப்பது தண்ணீர் என்று புரியாமல் தாகத்தோடு பக்கத்திலேயே நிற்கும். ஒவ்வொன்றையும் எடுத்து அலகின் நுனியை மட்டும் தண்ணீரில் நனைத்துக் காட்டுங்கள். அப்புறம், இருட்டினால் அடைய வேண்டும் என்று தெரியாது. பண்ணையில் ஒரு நாளைக்குப் 16 மணி நேரம்வரை விளக்கு எரிந்திருக்கும். மாலையில் வெளிச்சம் மங்க மங்க, நின்ற இடத்திலேயே குந்திவிடும். கோழிக்கு இருட்டில் கண் தெரியாது. நீங்களே ஒவ்வொன்றாகத் தூக்கிக் கூட்டுக்குள் விட வேண்டியிருக்கும். முதல் சில நாள் வெளியே விடாமல் கூட்டிலும் அதை ஒட்டிய அடைப்பிலும் வைத்திருந்தால் இதுதான் நம் இடம் என்று சீக்கிரம் பிடிபடும். உட்காரும் கட்டையை உயரத்தில் வைக்காதீர்கள். தாவிப் பழகாத கால், முறிந்துபோகும் எலும்பு. ஒரு சாண் உயரம் போதும், பிறகு உயர்த்திக்கொள்ளலாம்.

கூட்டில் ஒன்றில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம்: கம்பி வலை. கோழி வலை என்று விற்கிற மெல்லிய வலை, கோழி வெளியே போகாமல் தடுக்குமே தவிர, நாயோ கீரியோ உள்ளே வராமல் தடுக்காது. அரை அங்குலக் கண் உள்ள, பற்றவைத்த கெட்டிக் கம்பி வலை போடுங்கள். தரையைத் தோண்டி வருவதைத் தடுக்க வலையை மண்ணுக்குள்ளும் ஒரு அடி இறக்குங்கள். காற்றோட்டம் வேண்டும், நிழல் வேண்டும். கோழிக்கு வியர்க்காது, வாயைத் திறந்து மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். மூன்று நான்கு கோழிக்கு முட்டையிட ஒரு பெட்டி போதும். ரத்தம் குடிக்கிற செள் பகலில் மரக்கட்டையின் இடுக்குகளில் ஒளிந்திருந்து ராத்திரியில் வந்து கடிக்கும் என்பதால், கோழியை மட்டும் பார்க்காமல் கட்டைகளின் நுனியையும் வாரம் ஒருமுறை டார்ச் அடித்துப் பாருங்கள்.

தீவனம் எளிது. பாசத்தில்தான் பலர் கெடுத்துவிடுகிறார்கள். பண்ணையில் தின்ற அதே முட்டைக்கோழித் தீவனத்தைத் தொடருங்கள், தலைக்கு ஒரு நாளைக்கு 110 முதல் 130 கிராம். கிளிஞ்சல் தூள் தனிக் கிண்ணத்தில் எப்போதும் இருக்கட்டும். எவ்வளவு வேண்டுமோ கோழியே எடுத்துக்கொள்ளும். கீரையும் தானியமும் பிற்பகலில் கொஞ்சம் போதும். பாவம், பட்டினி கிடந்தது என்று சமையலறை மிச்சத்தையெல்லாம் கொட்டாதீர்கள். பூஞ்சை பிடித்தது, உப்பு அதிகமானது, சாக்லேட், அவகாடோ, வேகாத காய்ந்த பயறு இவை ஆகவே ஆகாது. பண்ணையில் அலகு நுனியை வெட்டியிருப்பார்கள். அதனால் ஒற்றை ஒற்றை மணியாகப் பொறுக்கச் சிரமப்படும். தீவனத்தை ஆழமான கிண்ணத்தில் வையுங்கள்.

இறகு பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். முதலில் மாறுவது கொண்டைதான். வெளிறித் தொங்கிக்கொண்டிருந்தது சில வாரத்தில் சிவந்துவிடும். இறகு முளைக்கும்போது தோலில் முள் முள்ளாகக் குருத்து தெரியும். அப்போது தொட்டால் வலிக்கும் என்பதால் அந்த நாட்களில் தூக்கிக் கொஞ்ச வேண்டாம் என்று பேத்தியிடம் சொல்லிவிடுங்கள்.

ஒற்றைக் கோழியாக மட்டும் வாங்கிவிடாதீர்கள். மூன்றுக்குக் குறையாமல் இருக்கட்டும். வந்ததும் யார் பெரியவர் என்று கொத்திக்கொள்ளும். கோழிகளுக்குள் இப்படி ஒரு வரிசை இருப்பதை 1921-லேயே ஷெல்டெரப்-எப்பே என்கிற நார்வேக்காரர் எழுதி வைத்தார். சிறுவயதிலிருந்தே கோழிகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். சில நாள் சண்டைக்குப் பிறகு வரிசை படிந்துவிடும். ரத்தம் வந்தால் மட்டும் அந்தக் கோழியைத் தனியே எடுத்து ஆற்றுங்கள், ஏனென்றால் சிவப்பைப் பார்த்தால் மற்றவை விடாமல் கொத்தும்.

குஞ்சு வாங்குவதைப் பற்றி: வாங்கலாம், தவறில்லை. ஆனால் முதல் வாரத்தில் 32 முதல் 35 டிகிரிச் சூடு கொடுத்துக் காப்பாற்ற வேண்டும், முதல் முட்டைக்கு ஐந்து மாதம்போலக் காத்திருக்க வேண்டும், வளர வளரப் பாதி சேவலாக நிற்கவும் கூடும். முதல்முறை வளர்ப்பவருக்கு வளர்ந்த கோழிதான் சுலபம் என்பது என் அபிப்பிராயம். அதுவும் கூண்டுக்கோழிக்கு மனிதர்களைக் கண்டு அவ்வளவு பயம் இருக்காது. நீங்கள் வெளியே வந்தாலே ஓடிவரும். மண்வெட்டியை எடுத்தால் போதும், புழு கிடைக்கும் என்று பக்கத்திலேயே வந்து நிற்கும். வெட்டுபடாமல் பார்த்துக்கொள்வதே வேலையாகிவிடும்.

நான் ஆசையோடு சொல்ல வந்தது இதைத்தான். கோழிக்குத் தனித்தனிக் குணம் உண்டு என்பதை வளர்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஒன்று முன்னால் போகும், ஒன்று எதற்கும் தயங்கும், ஒன்று உங்கள் மடியில் ஏறி வெயில் காயும். 20-க்கும் மேற்பட்ட குரல்கள் இவற்றுக்கு உண்டு. வானத்தில் பருந்து வந்தால் ஒரு குரல், தரையில் நாய் வந்தால் வேறு குரல். நல்ல தீனி கண்டால் கூப்பிடுவது இன்னொன்று. பேத்தியை ஒரு வாரம் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்கச் சொல்லுங்கள், எது எதற்கு என்று அவளே உங்களுக்குச் சொல்லுவாள். மாலையில் தானியம் போடும் வேலையையும் அவளிடமே கொடுங்கள். கோழியையோ முட்டையையோ கூட்டையோ தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், முகத்தோடு வைத்து முத்தம் கொடுக்கக் கூடாது. பார்க்க ஆரோக்கியமாக இருக்கிற கோழியிடமும் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம் என்பதால் இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

உங்களைப் போல் மனசு கேட்காதவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். பிரிட்டனில் 2005-ல் தொடங்கிய பிரிட்டிஷ் ஹென் வெல்ஃபேர் டிரஸ்ட் இப்படிக் கழிக்கப்படும் கோழிகளை லட்சக்கணக்கில் வீடுகளுக்குச் சேர்த்திருக்கிறது. வெறுங்கம்பிக் கூண்டுகளைச் சுவிட்சர்லாந்து 1992-லேயே ஒழித்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2012 ஜனவரி 1 முதல் தடை செய்தது. மற்ற இடங்களிலும் வர வேண்டும் என்பதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை.

போவதற்கு முன்னால் இரண்டு வேலை. உங்கள் பகுதியில் வீட்டில் கோழி வளர்க்க அனுமதி உண்டா என்று விசாரியுங்கள். கோழியைப் பார்க்கச் சம்மதிக்கிற கால்நடை மருத்துவர் ஒருவரைப் பேசி வையுங்கள். வயிறு வீங்கி நிமிர்ந்து நிற்பது, வால் தொங்குவது, கொண்டை நீலம் பாய்வது, தீவனத்தைத் தொடாமல் மூலையில் ஒதுங்குவது, இதில் எதைக் கண்டாலும் அன்றே கொண்டுபோக வேண்டும்.

கொண்டுவரும்போது காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட யாரையும் அனுமதிக்காதீர்கள். அப்படித்தான் எலும்பு முறிகிறது. இரண்டு கையாலும் இறக்கையை உடம்போடு சேர்த்துப் பிடித்து, துளையிட்ட அட்டைப்பெட்டியில், அடியில் வைக்கோல் போட்டு வையுங்கள். பெட்டிக்கு இரண்டு. பண்ணையில் என்னென்ன தடுப்பூசி போட்டார்கள், கடைசியாக என்ன மருந்து கொடுத்தார்கள் என்று எழுதி வாங்குங்கள். மருந்து கொடுத்திருந்தால் எத்தனை நாள் கழித்து முட்டையைச் சாப்பிடலாம் என்று மருத்துவரைக் கேளுங்கள். அங்கேயே அதே தீவனத்தில் ஒரு மூட்டையும் வாங்கி வந்துவிடுங்கள்.