சாப்பான் வீட்டார்: கேள்வி பதில்

யூதா தேசத்து யோசியா ராஜாவின் சம்பிரதி, அதாவது அரசு எழுத்தர், சாப்பானையும் அவர் பிள்ளைகளையும் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில். பெயர்கள் பழைய தமிழ் வேதாகமத்தில் உள்ளபடி.

கேள்வி: ஐயா, இப்படி ஒருவர் இருந்ததே எனக்கு இப்போதுதான் தெரியும். யார் இவர்?

யோசியாவைப் பற்றிப் பிரசங்கம் கேட்டிருப்பீர்கள், அதில் ஆசாரியர் இல்க்கியாவும் வந்திருப்பார். சாப்பானைத்தான் யாரும் கண்டுகொள்வதில்லை. 2 இராஜாக்கள் 22-ஐ எடுத்துப் பாருங்கள். கி.மு. 622 வாக்கு, ராஜாவுக்கு வயது 26. ஆலயத்தைப் பழுதுபார்க்கச் சேர்ந்த பணத்தை வேலை பார்ப்பவர்கள் கையில் சேர்க்கத்தான் சாப்பானை அனுப்புகிறார்கள். போன இடத்தில் இல்க்கியா, நியாயப்பிரமாண புஸ்தகம் கிடைத்திருக்கிறது என்று அதை அவர் கையில் கொடுக்கிறார். சாப்பான் வாசித்தும் பார்க்கிறார்.

அப்புறம் ராஜாவிடம் திரும்பி வந்து முதலில் எதைச் சொல்கிறார்? பணக்கணக்கை! அதை முடித்த பிறகுதான், ஆசாரியர் ஒரு புஸ்தகம் கொடுத்தார் என்று ஆரம்பித்து வாசிக்கிறார். தன் கருத்து என்று ஒரு வார்த்தை கிடையாது. கேட்ட ராஜா வஸ்திரத்தைக் கிழித்துக்கொள்கிறார். ஊறிப்போன அரசு அதிகாரி என்றால் இவர்தான்.

கேள்வி: ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு வம்ச அட்டவணை போட வேண்டும். யார் யாரை எழுதலாம், ஐயா?

மேலே மெசுல்லாம், அவர் மகன் அத்சலியா, அவர் மகன் சாப்பான். சாப்பானுக்குக் கீழே அகீக்காம், கெமரியா, எலெயாசா, யசனியா. அகீக்காமின் மகன் கெதலியா, கெமரியாவின் மகன் மிகாயா. பெண்கள் பெயர் ஒன்றும் எழுதப்படவில்லை.

ஒரு விஷயம் அம்மா. ‘சம்பிரதியாகிய சாப்பான்’ என்று தகப்பனின் பதவியோடு சொல்லப்படுவது கெமரியாவுக்கு மட்டும். மற்ற மூவருக்கும் வெறும் ‘சாப்பானின் குமாரன்’தான். ஆகவே எல்லாரும் ஒரே சாப்பானின் பிள்ளைகள்தானா என்று ஆய்வாளர்களிடையே பேச்சு உண்டு. அகீக்காம் விஷயத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. அந்தப் புஸ்தகத்தைப் பற்றி விசாரிக்க உல்தாள் தீர்க்கதரிசியிடம் போன குழுவில் அவரும் சம்பிரதி சாப்பானும் சேர்ந்தே போகிறார்கள். யசனியாவுக்கு வேண்டுமானால் புள்ளிக்கோடு போடுங்கள்.

கேள்வி: எரேமியாவை இந்தக் குடும்பம்தான் காப்பாற்றியது என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். யோசியாவின் மகன் யோயாக்கீமின் ஆட்சி தொடங்கிய காலத்தில் எரேமியாவைக் கொல்லக் கூட்டம் கூடியது. அதே செய்தியைப் பேசிய உரியா தீர்க்கதரிசி எகிப்துக்கு ஓடியும் தப்பவில்லை. ஆள் அனுப்பிப் பிடித்து வந்து வெட்டினார்கள். எரேமியா பிழைத்ததற்கு அகீக்காமின் ஆதரவே காரணம் என்று எரேமியா புஸ்தகம் 26-ம் அதிகாரம் சொல்கிறது.

எலெயாசா வேறு விதம். சிதேக்கியா ராஜாவின் தூதராகப் பாபிலோனுக்குப் போனபோது, சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் அவர் கையில்தான் போனது. வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போடுங்கள் என்ற அந்தப் புகழ்பெற்ற கடிதம். எதிராளி என்று பலர் நினைத்த ஒருவரின் கடிதத்தை அரசுப் பயணத்தில் கொண்டுபோவதற்குத் துணிச்சல் வேண்டும்.

எனக்குப் பிடித்தது 36-ம் அதிகாரம். எரேமியாவின் எழுத்தர் பாருக்கு அவருடைய சுருளை ஜனங்களுக்கு வாசித்தது ஆலயத்தில் இருந்த கெமரியாவின் அறையில். கேட்டுக்கொண்டிருந்த மிகாயா நேரே அரண்மனைக்குப் போய் பிரபுக்களிடம் விஷயத்தைச் சொல்கிறார். கடைசியில் சுருள் யோயாக்கீம் ராஜாவிடம் போகிறது. ஒன்பதாம் மாதம், குளிர். ராஜா முன் கணப்பு எரிகிறது. மூன்று நான்கு பத்தி வாசித்ததும் கத்தியால் அறுத்து நெருப்பில் போடுகிறார்கள். எரிக்க வேண்டாம் என்று கெஞ்சிய மூவரில் கெமரியா ஒருவர். அப்பா சாப்பான் வாசித்தபோது யோசியா வஸ்திரத்தைக் கிழித்தார்; மகன் கெமரியா பார்த்து நிற்க, யோசியாவின் மகன் சுருளைக் கிழித்தார்.

கேள்வி: யசனியா விக்கிரக ஆராதனைக்காரர் அல்லவா?

எசேக்கியேல் 8-ல் சுவரில் வரைந்த உருவங்களுக்கு முன் தூபகலசத்தோடு நின்ற 70 மூப்பர் நடுவே இருக்கிறார். ஆமாம். எல்லாப் பிள்ளையும் ஒரே மாதிரியா வளரும்?

கேள்வி: சார், வேதத்துக்கு வெளியே ஏதாவது ஆதாரம்?

இருக்கிறது தம்பி. 1982-ல் எருசலேமின் தாவீதின் நகரம் பகுதியில் யிகால் ஷிலோ குழு தோண்டியபோது ஒரே வீட்டில் 51 களிமண் முத்திரைப் பதிவுகள் கிடைத்தன. அதில் ஒன்றில் ‘சாப்பானின் மகன் கெமரியாவுடையது’ என்று எழுதியிருக்கிறது. கி.மு. 586-ல் பாபிலோனியர் வைத்த தீ பாப்பிரஸ் (நாணல் தாள்) சுருள்களைச் சாம்பலாக்கி, அவற்றைக் கட்டியிருந்த களிமண்ணைச் சுட்டுக் கெட்டியாக்கிவிட்டது. அதனால்தான் மிஞ்சியது. அதே கெமரியாதான் என்பது பெரும்பாலோர் முடிவு.

கேள்வி: கெதலியா ஏமாளிதானே? எச்சரித்தும் கேட்கவில்லையே!

அவசரப்படாதீர்கள். எருசலேம் விழுந்தபின் பாபிலோனியர் அவரை மிஸ்பாவில் அதிகாரியாக வைத்தார்கள். சிதறிப்போன யூதர்கள் திரும்பி வந்து திராட்சரசமும் பழங்களும் மிகுதியாகச் சேர்த்தார்கள். எரேமியாவும் அவரோடு இருக்கவே விரும்பினார். ராஜவம்சத்து இஸ்மவேல் கொல்லப் பார்க்கிறான், நான் ரகசியமாக அவனை முடித்துவிடுகிறேன் என்று படைத்தலைவர் யோகனான் கேட்டார். சந்தேகத்தின் பேரில் ஒருவனைக் கொல்லச் சம்மதிக்காததை ஏமாளித்தனம் என்று நான் சொல்லமாட்டேன். காவலைக் கூட்டாதது தவறுதான். ஏழாம் மாதம் பத்துப் பேரோடு வந்த இஸ்மவேல், ஒன்றாகச் சாப்பிட்ட இடத்திலேயே அவரை வெட்டினான். மிஞ்சியவர்கள் பயந்து, எரேமியாவையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்குப் போனார்கள். யூதர்கள் திஷ்ரி மாதம் (அந்த ஏழாம் மாதம்தான்) 3-ம் தேதி, புத்தாண்டு முடிந்த கையோடு, கெதலியா பெயரில் இன்றும் உபவாசம் இருக்கிறார்கள்.