நீட் தேர்வு மதியம் 2 மணிக்கு. பையனை ஏன் 4.30-க்கு எழுப்புகிறீர்கள்?

அம்மா, நீங்கள் கேட்டது இரண்டு கேள்வி. விடிகாலை 4.30-க்கு எழுப்பினால் புத்தகத்தின் மேலேயே சொக்கி விழுகிறான், ராத்திரி 9 மணிக்கு மேல்தான் முகத்தில் தெளிவு வருகிறது, இது சோம்பேறித்தனமா? இப்படிப்பட்டவன் டாக்டர் படிப்பைத் தாங்குவானா?

முதல் கேள்விக்கு நேரடியான பதில்: சோம்பேறித்தனம் இல்லை, வயது. மூளையின் அடிப்பகுதியில் அரிசி மணியளவுகூட இல்லாத ஒரு நரம்புத் திரள்தான் உடலின் கடிகாரம். இருட்டியதும் மெலடோனின் என்ற ஹார்மோனைச் சுரக்கச் சொல்லித் தூக்கத்தைக் கொண்டுவருவது அது. பருவ வயதில் இந்தச் சுரப்பு 1 முதல் 2 மணி நேரம் தள்ளிப்போகும். 9.30-க்கு உங்களுக்குக் கண்ணைக் கட்டுகிறது. அவனுக்கு 11 மணிக்குத்தான் கட்டும். ஆனால் தேவைப்படும் தூக்கம் மட்டும் குறைவதில்லை. 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரம் வேண்டும். 12-க்குப் படுத்தவனை 4.30-க்கு எழுப்பினால் கையில் நிற்பது நாலரை மணி நேரம். கனவுகள் நிறைந்த தூக்கத்தின் பெரும்பகுதி விடியற்காலையில்தான் வரும். நீங்கள் வெட்டுவது அந்தப் பகுதியை.

பிரம்ம முகூர்த்தத்தில் படித்தால் மனதில் நிற்கும் என்பார்கள். 9 மணிக்குப் படுத்தவர்களுக்கு அது சரிதான்.

இதில் பலருக்கும் தெரியாத ஒரு சிக்கல் உண்டு. உடல் வெப்பம் ஒரு நாளில் மிகவும் தாழ்வது, தானாக விழிக்கும் நேரத்துக்குச் சுமார் 2 மணி நேரம் முன்பு. லீவு நாளில் 8.30-க்குத் தானாக எழுபவனுக்கு அது 6.30 வாக்கில். அந்தத் தாழ்வுக்குப் பிறகு கண்ணில் படும் வெளிச்சம் கடிகாரத்தை முன்னால் நகர்த்தும், தூக்கம் சீக்கிரம் வரும். அதற்கு முன்பு பட்டால் பின்னால் தள்ளும். 4.30-க்கு எழுப்பி டியூப்லைட்டுக்கு நேர் கீழே உட்காரவைத்தால், அவன் மூளை அதை விடியலாக எடுத்துக்கொள்ளாது, ராத்திரி இன்னும் நீள்வதாகத்தான் எடுத்துக்கொள்ளும். அன்றிரவு தூக்கம் வர இன்னும் நேரமாகும். சீக்கிரம் எழுப்ப எழுப்ப அவன் ஏன் சீக்கிரம் படுக்க மாட்டேன் என்கிறான் என்பதற்குக் காரணத்தில் ஒரு பங்கு இது.

திட்டம் போடுவதற்கு முன் ஒரு வாரம் கணக்கு எடுங்கள். பள்ளி நாளில் 12 முதல் 6 வரை தூங்கினால் தூக்கத்தின் நடுப்புள்ளி 3 மணி. ஞாயிற்றுக்கிழமை 12.30 முதல் 8.30 வரை தூங்கினால் 4.30. வித்தியாசம் ஒன்றரை மணி நேரம், நமக்கும் துபாய்க்கும் உள்ள அதே வித்தியாசம். வாராவாரம் சனி ராத்திரி துபாய் போய்த் திங்கள் காலை திரும்புகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை வகுப்பு ஏறாததற்கு வேறு விளக்கம் தேட வேண்டாம். இந்த வித்தியாசம் ஒரு மணி நேரத்தைத் தாண்டவிடாதீர்கள். வார நாளில் படுக்கும் நேரம் முன்னால் வந்துவிட்டால் ஞாயிறு தானாகவே சுருங்கும்.

இனி தேர்வு. 2025-ல் நீட் நடந்தது மதியம் 2 முதல் 5 வரை: 180 நிமிடம், 180 கேள்வி. உடல் இயல்பாகவே மந்தமாகும் நேரம் 1 முதல் 3 வரை. உண்ட மயக்கம் தொண்டருக்கும் உண்டு என்கிறோம். உண்ணாவிட்டாலும் இந்த மந்தம் வரும், வயிறு முட்டச் சாப்பிட்டால் இன்னும் ஆழமாகும். முந்தைய இரவில் தூக்கம் குறைந்திருந்தால் அதைவிட மோசம். அடியோடு ஒழிக்க முடியாது, மட்டுப்படுத்தலாம். விடிகாலையில் எடுத்த பயிற்சித் தேர்வுகளின் மதிப்பெண்ணை வைத்து மதியத் தேர்வைக் கணிப்பது அதனால்தான் பல வீடுகளில் தப்பிப்போகிறது.

பொதுத் தேர்வு காலை 10 மணிக்கு. அது முடியும்வரை எதையும் மாற்ற வேண்டாம். 2025-ல் பிளஸ் டூ தேர்வு மார்ச் 25-ல் முடிந்தது, நீட் மே 4-ல்; இடையே 40 நாள். அந்த அளவு இடைவெளி போதும். முதல் 2 வாரம் கடிகாரத்துக்கு: லீவில் 8 மணிக்கு எழத் தொடங்கியிருப்பான், 2 நாளுக்கு 15 நிமிடம் வீதம் 6.30-க்குக் கொண்டுவாருங்கள். படுக்கும் நேரத்தைப் பிடித்து இழுக்காதீர்கள். எழும் நேரத்தை நிலைநிறுத்தினால் படுக்கை தானே பின்தொடர்ந்து 10.30-க்கு வரும். எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் 20 முதல் 30 நிமிடம் மொட்டை மாடியில் வெளிச்சம் படட்டும். ஜன்னலோரம் போதாது: வீட்டுக்குள் வெளிச்சம் சில நூறு லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) இருந்தால் வெளியே காலையிலேயே பல ஆயிரம். ராத்திரி 9.30-க்கு மேல் ஹால் விளக்கையும் டிவியையும் நீங்களும் அணைக்க வேண்டும். அவன் போனை மட்டும் பிடுங்கிப் பயனில்லை.

அடுத்த 3 வாரம் வாரத்துக்கு 3 முழுத் தேர்வு, மதியம் 2 மணிக்கே, விடைக்கு வட்டம் நிரப்பும் ஓ.எம்.ஆர். தாளில், மின்விசிறி மட்டும் ஓடும் அறையில். அரை மணிக்கு ஒரு முறை ஓரத்தில் பென்சிலால் மணியைக் குறிக்கச் சொல்லுங்கள். திருத்தும்போது தெரியாமல் விட்டது, தெரிந்தும் தவறியது என்று பிரியுங்கள். ‘தவறான கூற்று எது’ என்பதை ‘சரியான கூற்று’ என்று படித்திருப்பது, விடை சரி ஆனால் வட்டம் அடுத்த வரியில் என்பதெல்லாம் இரண்டாவது வகை. அவை 2 முதல் 3 மணிக்குள் குவிந்தால் மந்தம்தான் வேலை செய்கிறது. அப்படியானால் உயிரியலை முதலில் எடுக்கட்டும்; 90 கேள்வி, நினைவிலிருந்து ஓடும் வேலை. இயற்பியல் கணக்குகளுக்கு 3.30-க்கு மேல் தலை தெளிவாக இருக்கும். குவியவில்லையென்றால் அவன் பழகிய வரிசையிலேயே விட்டுவிடுங்கள். யாரோ ரேங்க் வாங்கியவர் சொன்ன வரிசை வேண்டாம்.

தேர்வில்லாத மதியங்களில் குட்டித் தூக்கம் போடலாம், 20 நிமிடம், 3 மணிக்கு முன். முக்கால் மணி நேரம் போனால் ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழுந்து அரை மணி நேரம் பேந்தப் பேந்த விழிப்பான். கடைசி 10 நாள் அதுவும் வேண்டாம். காபியில் உள்ள கஃபீனில் பாதி உடலை விட்டுப் போகச் சுமார் 5 மணி நேரமாகும். மாலை 6 மணிக் காபி 11 மணிக்கும் பாதி மிச்சம். 3 மணியோடு நிறுத்துங்கள். தேர்வன்று வழக்கத்துக்கு மேல் ஒரு டம்ளர்கூடக் கூடாது.

தேர்வு நாளில் மதியச் சாப்பாடுதான் தடுக்கி விழும் இடம். 1.30-க்குக் கதவு மூடும், அனுமதிச்சீட்டில் போட்டிருக்கும் நேரமோ அதற்கும் வெகு முன்னால். 8 மணிக்கு நல்ல காலை உணவு, 11 மணி வாக்கில் 3 இட்லி அல்லது அளவான சாம்பார் சாதம். வழியனுப்ப வந்த மாமா பிரியாணி வாங்கித் தருவார்; தேர்வு முடிந்து தரட்டும். இதே சாப்பாட்டை, இதே நேரத்தில், அந்த 3 வாரப் பயிற்சித் தேர்வுகளின்போதே கொடுத்துப் பாருங்கள்.

பொறியியல் நுழைவுத் தேர்வான ஜே.இ.இ. மெயினும் எழுதுகிறான் என்றால் இத்தனை பிரத்யேகமாகத் திட்டமிட முடியாது. 9 மணி, 3 மணி என இரு ஷிஃப்டுகளில் எது விழும் என்று கடைசி நேரத்தில்தான் தெரியும். மாற்றி மாற்றிப் பழகட்டும்.

8 மணி நேரம் தூங்கியும் பகலெல்லாம் தூங்கி வழிகிறான், அல்லது பலமாகக் குறட்டை விடுகிறான் என்றால் கால அட்டவணை தீர்வல்ல, மருத்துவரிடம் காட்டுங்கள்.

இரண்டாவது கேள்வி. 17 வயதுத் தூக்கத்தை வைத்து மருத்துவம் வேண்டாம் என்று முடிவெடுக்காதீர்கள். இந்தப் பின்தள்ளல் 20 வயதை ஒட்டி உச்சம் தொட்டு, பிறகு மெல்ல முன்னால் வரும். பயிற்சி மருத்துவராகும்போது அவன் உடல் இப்போது இருப்பதுபோல் இருக்காது. தவிர, இரவுப் பணியில் ராத்திரி விழிப்பவர்கள்தான் விடியலில் எழுபவர்களைவிடச் சமாளிக்கிறார்கள். அவனிடம் கேட்க வேண்டியது வேறு: உயிரியல் புத்தகத்தைத் தேர்வு இல்லாத நாளிலும் கையில் எடுக்கிறானா?