கடை வாசல் கேமராவில் முகம் தெளிவாக விழ வேண்டுமா?

கேள்வி: எங்கள் மளிகைக் கடையில் கல்லாவுக்கு மேலே, வாசலைப் பார்த்தபடி சிசிடிவி கேமரா வைத்திருக்கிறோம். பகலில் உள்ளே வருபவர்களின் முகம் கருப்பாக விழுகிறது. பிரைட்னஸை 50-லிருந்து 80-க்கு ஏற்றியும் தெரு வெளுத்ததே தவிர, முகம் தெளியவில்லை. இரவில் நிற்பவர் நன்றாகத் தெரிகிறார், நடப்பவர் கலங்கிவிடுகிறார். வேறு கேமரா வாங்க வேண்டுமா?

பதில்: அவசரப்பட்டு வாங்காதீர்கள். முதலில் பிரைட்னஸைப் பழையபடி 50-க்கே கொண்டுவாருங்கள். பெரும்பாலான கேமராக்களில் அது எடுத்த படத்தின் மேல் வெள்ளை பூசுகிறதே ஒழிய, பதியாத கண்ணையும் மூக்கையும் வரவழைக்காது.

வெயில் அடிக்கும் தெரு படத்தில் பாதியை அடைத்துக்கொள்வதுதான் பகல் கோளாறுக்குக் காரணம். கேமரா அந்த வெளிச்சத்தைக் கணக்கில் எடுத்து எக்ஸ்போஷரை, அதாவது படத்துக்கு வாங்கும் ஒளியின் அளவை, குறைக்கிறது. நிழலில் நிற்கும் முகம் இருண்டுவிடுகிறது. எனவே கேமராவைச் சற்றுக் கீழ்நோக்கிச் சாய்த்துத் தெருவைக் குறையுங்கள். பிறகு மெனுவில் பேக்லைட் பகுதிக்குச் சென்று டபிள்யூடிஆர் வசதியை இயக்குங்கள். இது நீண்ட எக்ஸ்போஷரில் ஒன்றும் குறுகிய எக்ஸ்போஷரில் ஒன்றுமாகப் படமெடுத்து இரண்டையும் இணைப்பது. கடைப் பையன் ஒருவரை வாசற்படியில் நிற்க வைத்து, அவர் கண்கள் தெரியும்வரை மட்டும் அளவை ஏற்றுங்கள். அதற்கு மேல் போனால் படம் சாம்பல் பூத்துவிடும். உங்கள் கேமராவில் டிடபிள்யூடிஆர் மட்டுமே இருந்தால், அது ஒரே படத்தைத் திருத்துவதுதான், பலன் குறைவு. அப்போது பிஎல்சியை, அதாவது குறித்த பகுதிக்கு ஏற்ப வெளிச்சத்தைக் கூட்டும் வசதியை, வாசலின் நடுப்பகுதிக்கு அமையுங்கள். தெரு வெளுத்தால் வெளுக்கட்டும், நமக்கு வேண்டியது முகம்.

இரவுச் சிக்கல் ஷட்டரில், அதாவது ஒவ்வொரு படத்துக்கும் கேமரா ஒளியை வாங்கும் நேரத்தில், இருக்கிறது. வெளிச்சம் போதாதபோது கேமரா தானாகவே 1/25 நொடிக்கோ அதற்கும் மெதுவாகவோ இறங்கிவிடும். அந்த நேரத்துக்குள், குறுக்கே நடப்பவர் ஏறத்தாழ 5 செ.மீ. நகர்ந்திருப்பார், முகம் இழுபடாமல் என்ன செய்யும்? 1/100 வையுங்கள், ஒரு சென்டிமீட்டரை ஒட்டி நிற்கும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பழைய டியூப்லைட் நொடிக்கு 100 முறை துடிக்கிறது. 1/50, 1/100 இரண்டும் அதோடு ஒத்துப்போகும். 1/60 வைத்தால் படத்தில் பட்டைகள் ஓடலாம்.

ஷட்டரை வேகப்படுத்தினால் படம் இருளும். அதற்காக, கிடைத்த ஒளியை மின்னணு முறையில் பெருக்கும் கெயினை ஏற்றினால், படத்தில் புள்ளிகள் பெருகும். வாசலுக்கு உட்புறம் இன்னொரு விளக்கு போடுவதே மேல்.

இந்தப் புள்ளிகளைக் குறைக்கும் 3டி டிஎன்ஆர் வசதியின் அளவையும் பாருங்கள். அடுத்தடுத்த காட்சிகளைக் கலந்துதான் அது புள்ளிகளை மறைக்கிறது. மிக உயர்த்தி வைத்தால், நடப்பவரின் பின்னால் ஆவிபோல ஒரு வால் நீளும். திருட்டு நடந்த மறுநாள், அந்த வாலையே மாறி மாறி ஓட்டிப் பார்த்துக் கலங்கிய கடைக்காரரை நேரில் பார்த்திருக்கிறேன். 30, 40 போதும்.

கடை அடைத்த பிறகு படம் பால் வார்த்தாற்போல் வெளுத்தால், மெனுவைத் தேட வேண்டாம். பெரும்பாலும் லென்ஸ் முன்னால் சிலந்தி வலை இருக்கும், துடைத்துவிடுங்கள்.

சில கேமராக்களில் டபிள்யூடிஆர் இயங்கும்போது ஷட்டரை நாமாக அமைக்க விடாது. பகலுக்கும் இரவுக்கும் தனித்தனி அமைப்பைச் சேமித்து, இரவு அமைப்பில் டபிள்யூடிஆரை அணைத்துவிடுங்கள். சரிபார்க்கும்போது நேரலை போதாது. பகல் 11 மணிப் பதிவையும் இரவு 8 மணிப் பதிவையும் ஓட்டி, ஆள் வாசற்படியைத் தாண்டும் இடத்தில் நிறுத்தி முகத்தைப் பாருங்கள்.