நீட், ஜேஇஇ சந்தேகங்கள்: ஒரு டியூஷன் வாத்தியாரின் பதில்கள்

வியாசர்பாடியில் சாயங்கால டியூஷனில் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு இயற்பியல் எடுக்கிறேன். நுழைவுத் தேர்வு பற்றி வந்த கேள்விகளை வந்த வரிசையிலேயே போட்டிருக்கிறேன். உயிரியல் பாடக் கேள்விகளை மட்டும் தயவுசெய்து உங்கள் உயிரியல் டீச்சரிடம் கேளுங்கள்.

தண்டையார்பேட்டை, பன்னிரண்டாம் வகுப்பு மாணவி: சார், நீட்டில் விடை தெரியாத கேள்வியை விட்டுவிடணுமா, குத்துமதிப்பா ஒண்ணை அடிக்கலாமா? நெகட்டிவ் மார்க் பயமா இருக்கு.

நல்ல கேள்வி பாப்பா. கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். சரியான விடைக்கு 4, தப்புக்கு கழித்தல் 1. ஒன்றுமே தெரியாத நான்கு கேள்விகளில் கண்ணை மூடிக்கொண்டு அடித்தால், சராசரியாக ஒன்று சரியாகும், மூன்று தப்பாகும். 4 வருகிறது, 3 போகிறது. ஆக நஷ்டம் இல்லை, லாபமும் ஒன்றும் பெரிதில்லை. நான்கு விடைகளில் இரண்டை உறுதியாகத் தள்ளிவிட்டு மீதி இரண்டில் ஒன்றை அடித்தால், ஒரு கேள்விக்குச் சராசரியாக ஒன்றரை மார்க் கிடைக்கும். இது பெரிய லாபம்.

ஆனால் இந்தக் கணக்கு உண்மையிலேயே கண்ணை மூடிக்கொண்டு அடிப்பவருக்குத்தான் பொருந்தும். நாம் அப்படி அடிப்பதில்லை. சென்டிமீட்டரை மீட்டராக மாற்ற மறந்தால் என்ன எண் வருமோ, வர்க்கம் போட மறந்தால் என்ன வருமோ, அதையெல்லாம் கேள்வி எடுப்பவர் தெரிந்தே விடைகளில் வைத்திருப்பார். அரைகுறையாகத் தெரிந்தவர் நேராக அதில் போய் விழுவார். அதனால் இயற்பியலில் முதலில் அலகையும் பரிமாணத்தையும் பார். வேகம் கேட்ட கேள்விக்கு முடுக்கத்தின் பரிமாணத்தில் ஒரு விடை இருந்தால் அதை உடனே தள்ளிவிடலாம். விடுபடு வேகம் (பூமியின் ஈர்ப்பைத் தாண்டிப் போகத் தேவையான வேகம்) கேட்டால், எறியப்படும் பொருளின் நிறை இடம்பெறும் விடை எதுவும் சரியாக இருக்க முடியாது. இப்படி இரண்டைத் தள்ள முடிந்தால் துணிந்து அடி. ஒன்றைக்கூடத் தள்ள முடியவில்லை என்றால் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போ. ஒரு கேள்விக்குச் சராசரியாக வரும் கால் மார்க் லாபத்துக்காக ஒரு நிமிஷம் யோசிப்பது வீண்.

நேரத்தையும் சொல்லிவிடுகிறேன். 180 கேள்வி, 180 நிமிஷம். உயிரியல் 90 கேள்வியையும் ஐம்பது நிமிஷத்துக்குள் முடிக்கப் பழகினால்தான் இயற்பியலுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கிடைக்கும். ஓஎம்ஆர் தாளில் கடைசியில் மொத்தமாக வட்டம் நிரப்பலாம் என்று நினைக்காதே. அது பால்பாயிண்ட் பேனா. ஒரு கேள்வி நம்பர் தவறிப்போனால் அழிக்க வழி இல்லை.

கொளத்தூர், ஒரு அப்பா: எந்த கோச்சிங் சென்டர் நல்லது சார்?

பேர் சொல்ல மாட்டேன். சேர்ப்பதற்கு முன்னால் மூன்று விஷயம் கேளுங்கள். பாடம் எடுக்கப் போவது யார், விளம்பரத்தில் இருப்பவரா அல்லது நேற்று சேர்ந்தவரா? வாராந்தரத் தேர்வு முடிந்ததும் தப்பான கேள்விகளை யாராவது உட்கார்ந்து விளக்குவார்களா? நடுவில் விலகினால் பணம் திரும்ப வரும் என்று எழுதித் தருவார்களா? மூன்றாவது கேள்விக்கு மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள். ஒரு வருஷக் கட்டணத்தை ஒரே தவணையில் கட்டாதீர்கள். "இன்னைக்கே கட்டினா தள்ளுபடி" என்பார்கள். தள்ளுபடி போனால் போகட்டும்.

ராயபுரம், மாணவர்: நீட்டில் எத்தனை மார்க் எடுத்தா சேஃப்?

2024-ல் பொதுப் பிரிவுக்குத் தகுதி மார்க் 162. 2025-ல் 144. 2024-ல் முதலில் வந்த ரிசல்ட்டில் ஒரு பெரிய கும்பலே 720-க்கு 720 என்று வந்தது. 2025-ல் நாட்டிலேயே அதிகபட்சம் 686. அந்த வருஷ இயற்பியல் தாள் அப்படி. இதில் எந்த எண்ணை உனக்கு சேஃப் என்று சொல்வேன்? அதோடு, தகுதி மார்க் எடுத்தால் கவுன்சிலிங்கில் நிற்கலாம், அவ்வளவுதான். சீட்டைத் தருவது ரேங்க்.

மாதவரம், மாணவி: சமச்சீர் புத்தகம் மட்டும் படித்தால் போதுமா? என்சிஇஆர்டி கட்டாயமா?

2018-க்குப் பிறகு வந்த நம் மாநிலப் புத்தகங்கள் நன்றாகவே இருக்கின்றன. இயற்பியலுக்கு அதுவும் பழைய கேள்வித்தாள்களும் போதும். உயிரியலுக்கும் கனிம வேதியியலுக்கும் என்சிஇஆர்டியை, அதாவது மத்திய அரசுப் பாடப் புத்தகத்தை, வரி விடாமல் படிக்க வேண்டும். கேள்விகள் அந்த வரிகளிலிருந்தே வருகின்றன.

காசிமேடு, போட் வைத்திருக்கும் அப்பா: பையன் பயோ குரூப். நீட்டுக்கு ஒரு லட்சம் கேக்குறாங்க. அவனுக்கு டாக்டர் ஆசையும் பெருசா இல்ல. வேற என்ன இருக்கு?

ஐயா, இந்தக் கேள்விக்காகவே இதை எழுத உட்கார்ந்தேன் என்று சொல்லலாம். பயோ குரூப் எடுத்தாலே நீட் என்று நம் பக்கம் ஒரு நினைப்பு வந்துவிட்டது. பொன்னேரியில் மீன்வளக் கல்லூரி இருக்கிறது. நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மீன்வளப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. நுழைவுத் தேர்வு இல்லை, பிளஸ் டூ மார்க்தான். மீனவர் பிள்ளைகளுக்குத் தனி ஒதுக்கீடும் உண்டு. மீனவர் பதிவுச் சான்றிதழை இப்போதே எடுத்து வையுங்கள்.

கால்நடை மருத்துவமும் அப்படித்தான். பல்கலைக்கழகம் மாதவரத்தில், கல்லூரி வேப்பேரியில். மாநில இடங்களுக்கு நீட் வேண்டாம், பிளஸ் டூ மார்க் போதும். அகில இந்திய ஒதுக்கீட்டுக்கு மட்டும்தான் நீட். மாதவரம் பால் பண்ணைப் பக்கத்தில் குடியிருக்கும் பெற்றோர்களே இதைக் கேட்டு "அப்படியா சார்" என்கிறார்கள். நர்சிங், பார்மசி இரண்டும் நம் மாநிலத்தில் பிளஸ் டூ மார்க்கில்தான். ஒரு லட்சத்தைக் கையில் வைத்திருங்கள்.

எண்ணூர், மாணவர்: நான் தமிழ் மீடியம். ஜேஇஇ தமிழில் எழுதலாமா?

முதல் கட்டமான மெயின் தாளைத் தமிழில் எழுதலாம். ஐஐடிக்கான அட்வான்ஸ்டு தாள் ஆங்கிலம், இந்தியில் மட்டும். நீட் தமிழில் உண்டு, பக்கத்திலேயே ஆங்கிலமும் இருக்கும். இரண்டும் முரண்பட்டால் ஆங்கிலம்தான் செல்லும். மொழியை விண்ணப்பத்திலேயே தேர்வு செய்துவிடு தம்பி.

கொருக்குப்பேட்டை, ஒரு அம்மா: மகள் நீட்டில் 391. உயிரியல் 262, வேதியியல் 84, இயற்பியல் 45. மாநகராட்சிப் பள்ளியில் படித்தவள். இன்னொரு வருஷம் படிக்க வைக்கலாமா? அவங்க அப்பா வேண்டாம் என்கிறார்.

அம்மா, பாடவாரியாக எழுதியதற்கு நன்றி. முக்கால்வாசிப் பேர் மொத்த மார்க்கை மட்டும்தான் சொல்கிறார்கள். உயிரியலில் 360-க்கு 262 எடுத்த பெண்ணுக்குப் படிக்கத் தெரியும். ஓட்டை இயற்பியலில், 180-க்கு 45. அதாவது பதினொன்றாம் வகுப்பு இயக்கவியல் புரியாமலேயே மேலே வந்திருக்கிறாள். ஒரு வருஷத்தில் சரி செய்யக்கூடியதுதான்.

ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை மாநகராட்சிப் பள்ளி என்றால், மருத்துவ இடங்களில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு. மறுபடி எழுதினாலும் அது போகாது. (அரசு உதவி பெறும் பள்ளியில் படித்தவர்கள் இதில் வர மாட்டார்கள். "உதவி" என்று இருப்பதால் தங்களையும் சேர்த்துக்கொண்டு பிறகு ஏமாறுகிறவர்கள் நம் பக்கம் நிறைய.) அதனால் 391-க்கே கவுன்சிலிங்கில் பெயர் கொடுத்துப் பாருங்கள். அந்த ஒதுக்கீட்டில் ரேங்க் பட்டியல் தனி. கிடைக்கவில்லை என்றால் ஒரே ஒரு முறை மறுபடி எழுதட்டும் என்பது என் கருத்து.

பெரம்பூர், பிசியோதெரபி மாணவர்: இப்படித்தான் சார் என்னிடமும் சொன்னார்கள். ஒரு முறை என்றார்கள், இரண்டு முறை ஆனது. இரண்டாவது முறை பத்து மார்க் குறைந்தது. முதலிலேயே இந்தப் படிப்பில் சேர்ந்திருந்தால் இப்போது இன்டர்ன்ஷிப்பில் இருப்பேன். ரிப்பீட் பேட்ச் நிரம்பினால்தானே டியூஷன்காரர்களுக்குப் பிழைப்பு?

நான் ரிப்பீட் பேட்ச் நடத்துவதில்லை தம்பி. கோபம் நியாயமானது, ஆள்தான் தப்பு.

திருவொற்றியூர், ஒரு அண்ணன்: பெரம்பூர் தம்பி எல்லோரையும் பயமுறுத்துகிறார். என் தங்கை இரண்டாவது முறைதான் ஸ்டான்லியில் சேர்ந்தாள். நீட்டின் பாதிப்பை ஆராயத் தமிழக அரசு அமைத்த நீதிபதி ஏ.கே. ராஜன் குழு அறிக்கையே சொல்கிறதே, சீட் வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் ரிப்பீட் பண்ணியவர்கள் என்று.

பெரம்பூர்: உங்க தங்கச்சி கூடப் படிச்ச மத்த பிள்ளைங்க எங்கே சேர்ந்தாங்கன்னு கேட்டீங்களா?

திருவொற்றியூர்: முயற்சி பண்ணாதவங்களைப் பத்தி நான் ஏன் கேக்கணும்?

பெரம்பூர்: முயற்சி பண்ணலன்னு யார் சொன்னது?

போதும், இரண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்கள். அறிக்கை சொல்வது உண்மை. 2020-21-ல் சேர்ந்தவர்களில் மறுபடி எழுதியவர்கள் 70 சதவீதத்துக்கும் மேல். நீட் வருவதற்கு முந்தைய வருஷம் அது மிகக் குறைவாக இருந்தது. ஆனால் திருவொற்றியூர் அண்ணன் அதைத் தலைகீழாகப் படிக்கிறார். சீட் வாங்கியவர்களில் பெரும்பாலோர் ரிப்பீட் பண்ணியவர்கள் என்பது ஒன்று. ரிப்பீட் பண்ணுகிறவர்களில் பெரும்பாலோருக்கு சீட் கிடைக்கிறது என்பது வேறு. முதலாவதை வைத்து இரண்டாவதைச் சொல்லி பேட்ச் நிரப்புகிறார்கள். நோட்டீஸில் சிரிக்கும் பிள்ளைகளின் போட்டோ இருக்கும். அதே வகுப்பில் கட்டணம் கட்டி, சீட் கிடைக்காமல் போனவர்களின் எண்ணிக்கை எந்த நோட்டீஸிலும் இருக்காது.

அந்த அறிக்கையில் எனக்குத் தெரிவது இன்னொன்று. கூடுதலாக ஒரு வருஷம் வாங்க வசதி இருக்கிற வீடுகள் வாங்கிவிடுகின்றன. வாங்க முடியாத வீட்டுப் பிள்ளை முதல் முறையிலேயே அவர்களோடு மோத வேண்டியிருக்கிறது. இதைப் பிள்ளையின் சோம்பேறித்தனம் என்று சொல்வதுதான் எனக்கு ஆத்திரம்.

கொருக்குப்பேட்டை அம்மா: அப்போ நான் என்னதான் செய்யட்டும் சார்?

மன்னியுங்கள் அம்மா, உங்களை விட்டுவிட்டோம். நர்சிங், கால்நடை, வேளாண்மை என்று பிளஸ் டூ மார்க்கில் கிடைக்கும் எல்லாவற்றுக்கும் விண்ணப்பம் போடுங்கள். பிடித்த படிப்பில் இடம் வந்தால் அவளையே கேளுங்கள். அவள் மறுபடி எழுதத்தான் வேண்டும் என்றால், முதல் மூன்று மாதம் இயற்பியல் மட்டும். அக்டோபரில் ஒரு பழைய தாளை மணி பார்த்து எழுதட்டும். இயற்பியல் 45-லேயே நின்றால் அப்போதே பேசிக்கொள்ளலாம், மே வரை காத்திருக்க வேண்டாம். பிறகு, அடுத்த வருஷம் என்ன வந்தாலும் மூன்றாவது முறை கிடையாது என்று இப்போதே வீட்டில் பேசி முடித்துவிடுங்கள். அவள் எதிரிலேயே பேசுங்கள். கட்டணத்தை மாதாமாதம் கட்டுங்கள்.

புளியந்தோப்பு, ஒரு அப்பா: நல்ல கோச்சிங் சென்டர் ஒண்ணு சொல்லுங்க சார்.

கொளத்தூர்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

மணலி, மாணவி: 450 எடுத்தா சேஃபா சார்?

ராயபுரத்துக்குச் சொன்னதுதான்.

பழைய வண்ணாரப்பேட்டை, மாணவர்: நாங்க எம்பிசி. சர்டிபிகேட் இருக்கு. வேற ஏதாவது வேணுமா?

வேணும். உன் கையில் இருப்பது மாநிலக் கவுன்சிலிங்குக்கு. அகில இந்திய ஒதுக்கீடான 15 சதவீத மருத்துவ இடங்களுக்கும், ஜேஇஇ வழியாகப் போகும் என்ஐடி, ஐஐடிகளுக்கும் மத்திய அரசுப் படிவத்தில் ஓபிசி சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும். கிரீமி லேயரில், அதாவது ஓபிசியில் வசதியானவர்கள் பிரிவில், வரவில்லை என்று அதில் இருக்க வேண்டும். உங்கள் சாதி மத்தியப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள், பிறகு இ-சேவை மையத்தில் விண்ணப்பி. ரிசல்ட் வந்த பிறகு தாலுகா ஆபீஸில் வரிசையில் நிற்காதே.

எர்ணாவூர், ஹார்பர் கான்ட்ராக்ட் தொழிலாளி: பையனைக் கப்பல் படிப்புக்கு அனுப்பணும். ஏஜென்ட் நாலு லட்சம் கேக்குறார்.

கொடுக்காதீர்கள். இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகம் நுழைவுத் தேர்வு வைக்கிறது, அதன் தலைமையிடமே இங்கே உத்தண்டியில்தான் இருக்கிறது. இயற்பியல், வேதியியல், கணிதம் சேர்த்து 60 சதவீதம், ஆங்கிலத்தில் 50 சதவீதம் வேண்டும். கண் பார்வைக்கும் விதி உண்டு, அதனால் முதல் செலவு கண் பரிசோதனைக்கு இருக்கட்டும்.

எம்.கே.பி. நகர், மாணவர்: அண்ணா யுனிவர்சிட்டி இன்ஜினியரிங்குக்கு என்ட்ரன்ஸ் கோச்சிங் எங்கே?

நம் மாநிலத்தில் அந்த என்ட்ரன்ஸை 2006 சட்டத்திலேயே எடுத்துவிட்டார்கள் தம்பி. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50, மொத்தம் 200 கட்-ஆஃப். இதற்கு யாராவது என்ட்ரன்ஸ் கோச்சிங் என்று பணம் கேட்டால் எனக்கு அவர் நம்பரை அனுப்பு.

வியாசர்பாடி, மாணவி: வீடு ஒரே ரூம். டிவி, தம்பி, பாட்டி. எங்கே உட்கார்ந்து படிக்கிறது சார்?

கொளத்தூரில் முதல்வர் படைப்பகம் இருக்கிறது, படிப்பதற்கென்றே இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். எழும்பூர் கன்னிமாரா நூலகம் பஸ்ஸில் போய்வரும் தூரம்தான். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் எடுத்துப்போய்ப் படிக்கவே தனிப் பகுதி உண்டு, ஆனால் தினமும் போக நமக்குத் தூரம். வீட்டில் விடியற்காலை உனக்கு, சாயங்காலம் டிவிக்கு என்று பாட்டியிடம் பேசிப்பார்.

மாதிரித் தேர்வை மட்டும் காலையில் எழுதாதே. நீட் மத்தியானம் 2 மணிக்கு ஆரம்பிக்கிறது, அதுவும் மே மாத வெயிலில். ஏப்ரல் முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பிட்டுவிட்டு 2 மணிக்கு உட்கார்ந்து 5 மணி வரை எழுதிப் பழகு. அந்தத் தூக்கம் எந்த நிமிஷத்தில் வருகிறது என்று உனக்கே தெரிந்துவிடும்.

ராயபுரம், அதே மாணவர்: சார், 500-ன்னா?

போய்ப் படி.