சித்தப்பா மகனுக்குக் கொடுத்த பவரும் மாடி வீட்டு ஒத்தியும்

கேள்வி: மதுரை எல்லிஸ் நகரில் கீழும் மாடியுமாக இரண்டு குடித்தனங்கள் உள்ள வீடு என் பெயரில் இருக்கிறது. நான் புனேயில் வசிக்கிறேன். வாடகைக்கு விட்டுப் பார்த்துக்கொள்வதற்காக 2021-இல் சித்தப்பா மகனுக்குப் பொது அதிகாரப் பத்திரம் பதிவு செய்து கொடுத்தேன். அவனைப் படிக்க வைத்ததே என் அம்மாதான். இன்று அம்மாவின் திதிக்குக்கூட வருவதில்லை. மராமத்துச் செலவுக்குக் கணக்குக் கேட்டால் கோபித்துக்கொள்கிறான். அவனை விலக்கிவிட்டு வேறு ஆளை வைக்க நினைக்கிறேன். தெரிந்த தரகர் ஒருவர் இருக்கிறார். வீடுகளைப் பராமரிக்கும் நிறுவனம் ஒன்றும் கேட்கிறது. யாரைத் தேர்ந்தெடுப்பது? இன்னொன்று: சித்திரைத் திருவிழாவுக்கு வந்திருந்தபோது மாடிக் குடித்தனக்காரர், தான் ஆறு லட்சம் ரூபாய்க்கு மூன்று ஆண்டு ஒத்தியில், அதாவது பணத்தை மொத்தமாகக் கொடுத்துவிட்டு, வாடகை இல்லாமல் குடியிருந்து, காலி செய்யும்போது பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டில், இருப்பதாகச் சொன்னார். தம்பியிடம் கேட்டதற்கு "நான் பார்த்துக்கொள்கிறேன் அக்கா" என்றான். மாடி வாடகை 8,000 ரூபாய் இன்றுவரை மாதம் தவறாமல் என் கணக்குக்கு வருகிறது. அவனுடைய நண்பர்களே மாடிக்குத் தண்ணீர் மோட்டாரை நிறுத்தினால் அவர் தானாகப் போய்விடுவார் என்கிறார்கள்.

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தில் சட்டத்துக்கு வேண்டியது, "இன்னொன்று" என்று தொடங்கிக் கடைசியில் எழுதிய அந்தச் சில வரிகள்தான். திதி, படிப்புச் செலவு, கோபம் எல்லாம் உங்கள் மனத்தில் கனமாக இருக்கும் என்பது தெரிகிறது. ஆனால் எந்த நீதிமன்றமும் அவற்றைக் கேட்கப்போவதில்லை. புதிய ஆள் யார் என்ற கேள்வியையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். பழைய ஆள் உங்கள் பெயரில் வாங்கிய கடன் ஒன்று மாடியில் குடியிருக்கிறது. அதைத் தீர்க்காமல் யாரை வைத்தாலும், அவர் அந்தக் கடனுக்குத்தான் காவல் இருப்பார்.

நடந்தது என்ன என்பது உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. தம்பி ஆறு லட்சத்தை ஒத்திப் பணமாக வாங்கியிருக்கிறார். அதிலிருந்து மாதம் 8,000 எடுத்து, வாடகை என்று சொல்லி உங்களுக்கு அனுப்புகிறார். ஒத்தியில் வாடகையே கிடையாது என்பது மதுரையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வீட்டு வாசலில் 'ஒத்திக்கு' என்று அட்டை தொங்காத தெரு இந்த ஊரில் குறைவு. மாடிக்காரர் ஒரு ரூபாய்கூட வாடகை தராத வீட்டுக்கு உங்களுக்கு வாடகை வந்துகொண்டிருக்கிறது. முப்பது மாதம் ஆகிவிட்டது என்றால் 2,40,000 ரூபாய். அது மாடிக்காரருடைய பணம். உங்கள் வங்கிக் கணக்கில் இருக்கிறது.

சட்டம் கேட்கும் கேள்வி ஒன்றே: ஒத்திக்கு விட அவருக்கு அதிகாரம் இருந்ததா, அல்லது இருப்பதாக மாடிக்காரர் நம்புவதற்கு நீங்கள் இடம் கொடுத்தீர்களா? பவர் பத்திரத்தை இன்றே எடுத்து வாசியுங்கள். கையெழுத்துப் போட்ட நாளில் வாசித்திருக்க மாட்டீர்கள். வாசித்துவிட்டுப் போடுபவர்களை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். நீங்கள் வாடகைக்கு விடுவதற்கு என்று சொல்லியிருப்பீர்கள். பத்திர எழுத்தரிடம் இருப்பதோ எல்லோருக்கும் பொதுவான ஒரே வாசகம்: குடிக்கூலிக்கு விடவும், ஒத்திக்கு விடவும், அடமானம் வைக்கவும், முன்பணம் பெற்று ரசீது கொடுக்கவும், முகவர் செய்யும் சகல காரியங்களையும் நானே நேரில் இருந்து செய்ததாக ஒப்புக்கொள்ளவும். இந்த வரிகள் உங்கள் பத்திரத்தில் இருந்தால், "ஒத்தி எனக்குத் தெரியாது" என்ற வாதம் அங்கேயே முடிந்துவிடும்.

'ஒத்தி' என்ற சொல் பத்திரத்தில் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் முழுத் தப்பித்தல் இல்லை. முகவருக்கு அதிகாரம் இருப்பதாக வெளியாள் நம்பும்படி உடைமையாளர் தம் சொல்லாலோ நடத்தையாலோ செய்திருந்தால், அந்தக் காரியம் உடைமையாளரைக் கட்டும் என்கிறது 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 237-ஆம் பிரிவு. சாவி அவரிடம், ரசீது அவர் கையெழுத்தில், பழுது பார்த்தது அவர். மாடிக்காரர் வேறு யாரை நம்பியிருப்பார்?

இனி நான் சொல்வதுதான் உங்கள் வழக்கில் மிகவும் ஆபத்தான இடம். முக்கிய உண்மை தெரியாமல் ஒரு காரியத்துக்குத் தரும் ஒப்புதல் செல்லாது என்று அதே சட்டத்தின் 198-ஆம் பிரிவு சொல்கிறது. சித்திரைக்கு முன்பு நீங்கள் வாங்கிய பணத்துக்கு இந்தப் பாதுகாப்பு உண்டு. ஆனால் சித்திரையில் உங்களுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகு ஐந்து மாதம் பேசாமல் பணம் வாங்கியிருக்கிறீர்கள். அந்த ஐந்து வரவும் உங்கள் வங்கிப் புத்தகத்தில் தேதியோடு நிற்கின்றன. ஒப்புதலை வாயால்தான் தர வேண்டும் என்பதில்லை. நடந்துகொள்ளும் விதமே ஒப்புதல் ஆகிவிடும். என்னிடம் வரும் வீட்டுக்காரர்கள் தோற்பது பெரும்பாலும் முகவர் செய்த தவறால் அல்ல, அது தெரிந்த பின் 'சொந்தக்காரன்தானே' என்று மௌனமாக இருந்த மாதங்களால். அடுத்த தவணை வருவதற்குள், மாடி வாடகை என்று இனி எதுவும் அனுப்பக் கூடாது, வந்த தொகையை மறுப்புடன்தான் வைத்திருக்கிறேன் என்று தம்பிக்கு எழுத்தில் அனுப்புங்கள்.

தண்ணீர் மோட்டார் பற்றி: அதைத் தொடவே தொடாதீர்கள். 22.02.2019 முதல் நடைமுறையில் இருக்கும் 2017-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு வாடகைச் சட்டம், அத்தியாவசிய வசதிகளை வீட்டுக்காரர் நிறுத்துவதைத் தடை செய்கிறது. வில்லாபுரத்துக் கட்சிக்காரர் ஒருவர் என்னைக் கேட்காமல் இதைச் செய்துவிட்டுத்தான் என்னிடம் வந்தார். அதற்குள் குடித்தனக்காரர் உரிமையியல் நீதிமன்றத்தில் தடையுத்தரவு வாங்கிவிட்டார். அதுவரை பணத்தைக் கொடுத்தால் காலி செய்கிறேன் என்றிருந்தவர், அதன் பிறகு பேசவே மறுத்துவிட்டார்.

பவரை ரத்து செய்யுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்கிறேன். பதிவு செய்த பவர் என்பதால் ரத்துப் பத்திரத்தையும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். ஆனால் அதோடு வேலை முடிந்தது என்று நினைப்பதில்தான் பலர் விழுகிறார்கள். முகவரின் அதிகாரம் முடிந்தது என்பது வெளியாளுக்குத் தெரியவரும் வரை, அவரைப் பொறுத்தமட்டில் அது முடிந்ததாகாது. இது 208-ஆம் பிரிவு. பழங்காநத்தத்தில் வீடு வைத்திருந்த ஒருவர் மஸ்கட்டிலிருந்து வாட்ஸ்அப்பில் "இனி நீ பார்க்க வேண்டாம்" என்று முகவருக்கு அனுப்பிவிட்டு நிம்மதியாக இருந்தார். மூன்று வாரத்துக்குள் அந்த முகவர் பழைய பவரைக் காட்டிக் கீழ் வீட்டை நான்கு லட்சத்துக்கு ஒத்திக்கு விட்டுவிட்டார். குடிவந்தவருக்கு எதுவும் தெரியாது. கடைசியில் அந்த நான்கு லட்சத்தைத் திருப்பிக் கொடுத்தது மஸ்கட்காரர்தான். ஆகவே ரத்துப் பத்திரத்தின் நகலை மாடிக்கும் கீழுக்கும் தனித்தனியாக, கிடைத்ததற்கான சான்றுடன் விரைவுத் தபாலில் (ஸ்பீடு போஸ்ட்) அனுப்புங்கள். உள்ளூர்ப் பதிப்பு உள்ள நாளிதழ் ஒன்றில் அறிவிப்பும் கொடுங்கள். 2021 முதல் இன்றுவரை வில்லங்கச் சான்றும் எடுத்துவிடுங்கள்; ஒத்தியோடு நிறுத்தினாரா, அடமானம் வரை போனாரா என்பது அதில் தெரியும். வெறும் முத்திரைத்தாளில் எழுதிய ஒத்தி மட்டும் வில்லங்கத்தில் ஏறாது. அதனால் கீழ் வீட்டுக்காரரிடமும் எந்தக் கணக்கில் இருக்கிறீர்கள் என்று நேரில் கேளுங்கள். அவர் சொல்லும் பதிலுக்கு மனத்தைத் தயார்செய்துகொண்டே கேளுங்கள்.

இப்போது உங்களுக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்கிறேன். மாடிக்காரரோடு வழக்குக்குப் போகாதீர்கள், சமாதானம் செய்துகொள்ளுங்கள். அவருக்கும் பலவீனம் இருக்கிறது. நூறு ரூபாய்க்கு மேற்பட்ட ஒத்தி அடமானம் பதிவு செய்த பத்திரத்தால்தான் செல்லும் என்கிறது சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 59-ஆம் பிரிவு. அவர் கையில் இருப்பது பதிவாகாத தாள் என்றால், ஒத்திதாரர் என்ற உரிமையை அதை வைத்து நிலைநாட்ட முடியாது. ஆனால் கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்கலாம். வழக்கு முடியும் வரை மாடியில் இருக்கவும் அவருக்கு வழி கிடைத்துவிடும். அத்தனை ஆண்டும் உங்களுக்கு வாடகை இல்லை.

முப்பது மாதம் ஆகிவிட்டது என்ற கணக்குப்படி, மூன்று ஆண்டு முடிய இன்னும் ஆறு மாதம் இருக்கிறது. அந்த ஆறு மாதமும் அவர் இருக்கட்டும். காலி செய்யும் நாளில் வங்கி மூலம் பணம் கிடைக்கும் என்று சொல்லுங்கள். உடனே அவ்வளவு புரட்ட முடியாது என்றால், ஒத்தி முடிந்த பிறகும் அவர் ஓரிரு ஆண்டு தங்கி, மாத வாடகையை ஒத்திப் பணத்தில் கழித்துக்கொண்டு, மீதியை வாங்கிப் போகலாம். அப்படிச் செய்தால் புதிய வாடகை ஒப்பந்தம் எழுதி வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யுங்கள். எந்த வழியானாலும் அசல் ஒத்தித் தாளைக் கையில் வாங்காமல் கடைசித் தொகையைக் கொடுக்காதீர்கள்.

இந்தச் சமாதானத்தில் தம்பி மூன்றாவது தரப்பாகக் கையெழுத்துப் போட வேண்டும். ஆறு லட்சத்தை நான்தான் வாங்கினேன், இன்ன தொகையை அக்காவுக்குத் திருப்பித் தருவேன் என்ற ஒரு வரிதான் உங்கள் சொத்து. அது இல்லாமல் மாடிக்காரருக்குப் பணம் கொடுத்துவிட்டால், பிறகு தம்பி "நான் வாங்கவே இல்லை, அக்காவிடம்தான் கொடுத்தார்" என்று சொல்வார். 2,40,000 ரூபாய் உங்கள் கணக்குக்கு வந்ததைச் சாட்சியாகவும் காட்டுவார். கேட்டால் கணக்குக் கொடுப்பது முகவரின் கடமை என்று 213-ஆம் பிரிவு சொல்கிறது. பவரை ரத்து செய்வதற்கு முன்பே அந்தக் கணக்கை எழுத்தில் கேட்டுவிடுங்கள். வழக்குப் போட மூன்று ஆண்டுதான் உண்டு. அவர் மறுத்த நாளிலிருந்து அது ஓடத் தொடங்கும்.

காவல் நிலையத்துக்குப் போகலாமா என்று மனத்தில் ஓடும். உங்களுக்கு முன்னால் மாடிக்காரர் போய்விட்டால், அந்தப் புகாரில் பணம் போய்ச் சேர்ந்த கணக்கு என்று உங்கள் கணக்கும் இருக்கும். அதனால்தான் அவரை விரோதியாக்காதீர்கள் என்கிறேன். மதுரை மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில், வழக்குப் போடுவதற்கு முன்பே மனுக் கொடுத்து மூன்று பேரையும் உட்கார வைக்கலாம். அங்கே மக்கள் நீதிமன்றத்தில் எழுதப்படும் தீர்வு உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. தம்பி தவணை தவறினால் புதிய வழக்கு வேண்டாம், நேரே நிறைவேற்று மனுப் போடலாம்.

இனி உங்கள் கேள்வி. தரகரா, நிறுவனமா? ஆளை விட அவர் கையில் கொடுக்கும் தாளைப் பாருங்கள். தரகருக்கு ஒவ்வொரு புதுக் குடித்தனத்துக்கும் வருமானம். நல்ல குடித்தனக்காரர் பத்து ஆண்டு இருப்பதில் அவருக்கு லாபம் இல்லை. ஆள் தேடித் தர அவரை வைத்துக்கொள்ளுங்கள், சாவியைக் கொடுக்காதீர்கள். நிறுவனம் என்றால் அவர்கள் நீட்டும் ஒப்பந்தத்தில் முன்பணம் யார் கணக்குக்குப் போகிறது என்ற பத்தியை முதலில் தேடுங்கள். அவர்கள் கணக்குக்கு என்றிருந்தால் அடித்துவிட்டுத் திருத்தச் சொல்லுங்கள். மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். யாராக இருந்தாலும் பொது அதிகாரம் வேண்டாம். வீட்டைக் காட்டுவது, உங்கள் சம்மதத்தோடு சின்னப் பழுது பார்ப்பது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை சொத்து வரி கட்டி ரசீது அனுப்புவது, இவ்வளவு போதும். வாடகையும் முன்பணமும் குடித்தனக்காரரிடமிருந்து நேரே உங்கள் கணக்குக்கு வர வேண்டும். ஒப்பந்தத்தில் நீங்களே கையெழுத்திட வேண்டும். அதற்காகப் புனேயிலிருந்து ஒருமுறை வருவது ஆறு லட்சத்தை விட மலிவு. காவலுக்கு என்று யாரையும் வீட்டில் குடிவைக்காதீர்கள். காவலாளுக்கு எத்தனை ஆண்டு இருந்தாலும் உரிமை வராது என்று உச்ச நீதிமன்றம் 2012-இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆனால் அதைச் சொல்ல வைக்க ஒரு குடும்பம் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.

2017-ஆம் ஆண்டுச் சட்டத்தில் சொத்து மேலாளர் என்றே தனியாக ஏற்பாடு இருக்கிறது. மேலாளரை நியமித்தால் அவர் பெயர், அவரை நியமித்ததற்கான சான்று, எந்தெந்த வேலைக்கு, எவ்வளவு காலத்துக்கு என்பதை வீட்டுக்காரர் குடித்தனக்காரருக்குத் தெரிவிக்க வேண்டும். பலர் இதை வெறும் சம்பிரதாயம் என்று விட்டுவிடுகிறார்கள். 'பணம் வாங்க இவருக்கு அதிகாரம் இல்லை' என்ற வரியோடு அந்தக் கடிதம் அன்றே மாடிக்காரர் கையில் இருந்திருந்தால், அவர் ஆறு லட்சத்தை எடுத்துக்கொண்டு தம்பியிடம் போயிருக்க மாட்டார். புதிய ஆள் வேலை தொடங்கும் முதல் நாளே அதை இரண்டு வீட்டுக்கும் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கி வையுங்கள்.

ரத்து அறிவிப்பு போய்ச் சேர்ந்த அன்று தம்பி உங்களை அழைப்பார். அழுவார், அல்லது சண்டையிடுவார். அழைப்பை எடுங்கள், திட்டாதீர்கள், எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள். கணக்கை எழுதி, கையெழுத்திட்டு, இன்ன தேதிக்குள் அனுப்பு என்று மட்டும் சொல்லிவிட்டு, அதையே உடனே எழுத்திலும் அனுப்பிவிடுங்கள்.