லிட்டில் லீக் போர்டில் சொந்தபந்தம்: பெற்றோர் எதைப் பிடித்துக் கேட்பது?

கேள்வி: டெக்சாஸில் இருக்கிறோம். 11 வயது மகன் லிட்டில் லீக்கில் (பிள்ளைகளுக்கான விளையாட்டு அமைப்பு) பேஸ்பால் ஆடுகிறான். லீக் தலைவர், அவருடைய மைத்துனர், நண்பர்கள் எல்லாரும் லீக்கை நடத்தும் குழுவான போர்டிலும் இருக்கிறார்கள், அணி மேனேஜர்களாகவும் (தலைமைப் பயிற்சியாளர்கள்) இருக்கிறார்கள். முக்கிய இடங்களான பிட்ச்சர், ஷார்ட்ஸ்டாப் எல்லாம் அவர்கள் பிள்ளைகளுக்கே. என் மகன் பெரும்பாலும் பெஞ்சில். கேட்டால் பதிலில்லை. என்ன செய்யலாம்?

பதில்: இதில் இரண்டு குறைகள் கலந்திருக்கின்றன. யார் பிட்ச்சர், யார் எத்தனையாவதாக பேட் செய்வது என்பதெல்லாம் மேனேஜரின் முடிவு. அதில் புகார் நிற்காது. ஆடவே விடாதது வேறு விஷயம். சீசன் ஆட்டங்களில், தொடக்கத்தில் வந்திருக்கும் ஒவ்வொரு பிள்ளையும் ஃபீல்டிங்கில் எதிரணியின் குறைந்தது 6 அவுட் வரை (இன்னிங்ஸுக்கு 3 அவுட் வீதம் 2 இன்னிங்ஸ்) நிற்க வேண்டும், ஒரு தடவையாவது பேட் பிடிக்க வேண்டும் என்று லிட்டில் லீக் விதிகளின் ரெகுலேஷன் 4 சொல்கிறது. தவறினால், அந்தப் பிள்ளை அடுத்த ஆட்டத்தில் முதலிலேயே இறங்கி, பாக்கியையும் அன்றைய பங்கையும் முடிக்கும்வரை வெளியே எடுக்கக் கூடாது. மேனேஜருக்கு முதல் தடவை எழுத்து மூலம் எச்சரிக்கை, இரண்டாம் தடவை அடுத்த ஆட்டத்துக்குத் தடை, மூன்றாம் தடவை மிச்ச சீசனுக்கே தடை. ஆட்டம் மழையிலோ வேறு காரணத்தாலோ பாதியில் முடிந்திருந்தால் இது பொருந்தாது.

ஆகவே நான்கைந்து ஆட்டங்களுக்கு ஒரு நோட்டில் தேதி, இன்னிங்ஸ், மகன் நின்ற இடம், பேட் செய்த தடவை ஆகியவற்றைக் குறியுங்கள். ஆப்பில் வரும் ஸ்கோரை மட்டும் நம்ப வேண்டாம், ஃபீல்டிங் மாற்றங்கள் அதில் பல நேரம் விடுபடும். விதி மீறப்பட்டிருந்தால் ஒரு பக்கக் கடிதம், அந்த ஒரே விஷயம், போர்டு செயலாளருக்கு மின்னஞ்சல். இருபது குறைகளை ஒரே கடிதத்தில் அடுக்கினால் போர்டு பலவீனமான ஒன்றுக்குப் பதில் சொல்லி மற்றதை விட்டுவிடும். ஆட்டம் முடிந்த சூட்டில் டக்அவுட் (அணி உட்காரும் இடம்) பக்கம் போய்ப் பேசுவது இன்னும் மோசம். அடுத்த போர்டு கூட்டத்தில் பேசுபொருள் உங்கள் நடத்தையாகிவிடும்.

போர்டு அமைப்பைப் பொறுத்தவரை, மேனேஜர்கள் போர்டில் இருக்கலாம், ஆனால் சிறுபான்மையாகத்தான் இருக்க வேண்டும். பெயர்களை எண்ணிப் பாருங்கள். பிள்ளைகளை அணிகளுக்குத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டை நடத்தும் போர்டு பொறுப்பாளரான பிளேயர் ஏஜென்ட் தன் பிரிவிலேயே மேனேஜராகவோ கோச்சாகவோ இருக்கக் கூடாது. இந்த இரண்டில் ஒன்று மீறப்பட்டிருந்தால் அது லீக்கின் சார்ட்டரையே (லிட்டில் லீக் தரும் அங்கீகாரம்) தொடும் விஷயம். உங்கள் பகுதி லீக்குகளைக் கவனிக்கும் டிஸ்ட்ரிக்ட் அட்மினிஸ்ட்ரேட்டருக்கு எழுதுங்கள். அவரைத் தேர்ந்தெடுப்பவர்கள் லீக் தலைவர்களே என்பதால் மேனேஜர் நியமனச் சண்டையில் தலையிடத் தயங்குவார். விதி மீறலை அப்படித் தள்ளிவிட முடியாது. அங்கும் நகரவில்லை என்றால் வேகோவில் உள்ள லிட்டில் லீக் மண்டல அலுவலகம்.

பணம் பற்றிச் சந்தேகம் இருந்தால் ஆதாரமில்லாமல் வாட்ஸ்அப்பில் எதையும் எழுதாதீர்கள். வரி விலக்குள்ள அமைப்பு ஆண்டுதோறும் வரித்துறைக்குத் தரும் படிவம் 990 பொதுவில் பார்க்கக் கிடைப்பது. ஆண்டு வரவு 50,000 டாலருக்குள் உள்ள சிறிய லீக் என்றால் சுருக்கப் படிவமான 990-என் மட்டுமே இருக்கும், அதில் வரவு செலவு விவரம் இராது. ஆண்டுக் கூட்டத்தில் பொருளாளர் அறிக்கையைக் கேளுங்கள்.

இதெல்லாம் காயத்துக்கு மருந்து. நோயைத் தீர்ப்பது தேர்தல். மேனேஜர் நியமனம் ஓராண்டுக்குத்தான். தலைவர் பெயர் சொல்வார், போர்டு ஒப்புதல் தரும். அந்தப் போர்டைத் தேர்ந்தெடுப்பவர்கள் ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு வரும் உறுப்பினர்கள். இங்கேதான் பெற்றோர் ஏமாறுகிறார்கள்: பிள்ளைக்குப் பதிவுக் கட்டணம் கட்டினாலே உறுப்பினர் ஆகிவிட்டோம் என்று நினைக்கிறார்கள். பல லீக்குகளில் தனியாகப் பெயர் சேர்க்க வேண்டும். லீக்கின் அமைப்பு விதிகளை இப்போதே எழுதிக் கேட்டு வாங்குங்கள். உறுப்பினர் தகுதி, வேட்புமனுவின் கடைசி நாள், கோரம் (கூட்டம் செல்லுபடியாக வேண்டிய குறைந்தபட்ச வருகை), நேரில் வராமல் வாக்களிக்க முடியுமா என்ற நான்கையும் அடிக்கோடிடுங்கள். லிட்டில் லீக்கின் நிதியாண்டு அக்டோபர் 1-ல் தொடங்குவதால் கூட்டம் பெரும்பாலும் கோடை முடிவை ஒட்டி வரும், சீசன் முடிந்து எல்லாரும் மறந்திருக்கும் நேரத்தில். அந்த மாலை பத்துக் குடும்பங்கள் சேர்ந்து வந்தால் முடிவே மாறலாம்.

நீங்களே நிற்பதாக இருந்தால், முதல் ஆண்டு செயலாளர் பொறுப்பைக் கேளுங்கள். உறுப்பினர் பட்டியலும் கூட்டக் குறிப்பும் அவர் கையில்தான் இருக்கும்.